குடியிருக்கும்போதே பழைய வீட்டில் மராமத்து: மாடியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்

பழைய வாடகை வீட்டில் ரிப்பேர் வேலை மாதக்கணக்கில் இழுக்கிறது, செலவு யாருடையது, காலி செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாங்களும் இப்போது அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறோம். திருவல்லிக்கேணியில், தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடு. வேலை இன்னும் முடியவில்லை. ஆள் வராததால் மட்டும் வேலை இழுப்பதில்லை. வரிசை தப்பினாலும் இழுக்கும். கண்ணுக்குத் தெரிகிற சுவரை முதலில் பூசி பெயின்ட் அடித்துவிடுவார்கள். ஐப்பசி மழை வந்ததும் அதே இடத்தில் உப்பு பூத்து உரியும். மறுபடியும் கொத்தனார், மறுபடியும் வீடெல்லாம் தூசி.

அதனால் எங்கள் வீட்டுக்காரம்மாவிடம், "உள்ளே எப்போ வேணும்னாலும் பண்ணிக்கலாம்மா, மொதல்ல மொட்டை மாடியைப் பாருங்க" என்றேன். ஒத்துக்கொண்டார்.

மெட்ராஸ் டெரஸ் என்ற இந்த வகைத் தளத்தில் உத்திரங்களுக்கு மேல் சின்னச் செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு என்கிற தட்டையான ஓடுகளை ஒட்டுவது வழக்கம். ஒழுகினால் தட்டோட்டு இடுக்கு, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைத்தண்ணீர்க் குழாயின் வாய், இந்த மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கைப்பிடிச் சுவரில் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. கொத்தனார் அதை வெட்டியதோடு விடாமல் செங்கல்லைப் பெயர்த்துப் பார்த்தார். விரல் தடிமனில் வேர் தளத்துக்குள் ஓடியிருந்தது. நேர் கீழேதான் எங்கள் ஹாலில் ஒழுகிக்கொண்டிருந்த இடம். முழுசாக உருவி எடுத்த பிறகுதான் சாந்து வைத்தார்.

இன்னொன்று, சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச விடாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அடைத்துக்கொள்ளும். உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் செங்கல்லை அரித்து, பூச்சையே தள்ளிவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், காயவும் நாளாகும். அதற்காகக் காத்திருப்பதில் தப்பே இல்லை.

மாடிக்கு அடுத்து குழாயும் வயரிங்கும். இரண்டும் சுவரை உடைக்கிற வேலை என்பதால் பூச்சுக்கு முன்பே முடியணும். பழைய வயரிங்கில் எர்த் இல்லையென்றால், அது சரியாகும்வரை கீஸர் போடவே கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

செலவு விஷயத்துக்கு, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்காவிட்டால், கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு மாதிரி சில்லறை வேலைகள் நம்முடையவை. அவர் செய்ய மறுத்தால் நாமே செய்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. கழிப்பதற்கு முன் பழுதின் போட்டோவையும் கூலிக் கணக்கையும் வாட்ஸப்பில் அனுப்பி, பதில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போதுதான் தகராறு வரும்.

காலி செய்வதா என்பதற்கு உத்திரத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சுவருக்குள் நுழைகிற முனையில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தேக்கு கெட்டியாக இருந்தால் உள்ளே போகாது, தாராளமாக இருக்கலாம். பொதபொதவென்று இறங்கினாலோ, கரையான் மண் தெரிந்தாலோ, உத்திரம் நடுவில் தொய்ந்திருந்தாலோ அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். முட்டுக் கொடுத்து, இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை குடும்பத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.