நீதியுள்ள ராஜாவைக் கேட்டு ஜெபிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஜெபக்கூட்டத்தில் வாரந்தோறும் ‘ஆளுகிறவர்களுக்காக’ என்று ஒரு நேரம் ஒதுக்குகிறோம். ஒருவர் ஜெபித்தால் கட்சி மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. இன்னொருவர் ‘எல்லாரையும் ஆசீர்வதியும் ஆண்டவரே’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். எனக்கோ நடக்கிற அநியாயங்களைப் பார்த்து மனம் கொதிக்கிறது. நீதியாய் ஆளுகிற ஒருவரைத் தாரும் என்று கேட்கலாமா? ‘பிரபுக்களை நம்பாதேயுங்கள்’ என்று 146-ம் சங்கீதம் சொல்லும்போது அப்படிக் கேட்பது அவிசுவாசம் ஆகாதா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம், சகோதரி. கேட்பதற்கென்றே வேதத்தில் ஒரு சங்கீதம் இருக்கிறது. 72-ம் சங்கீதத்தை எடுங்கள். மொத்தம் 20 வசனம்; நிதானமாக வாசித்தாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது. முதல் வசனமே உங்கள் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். அது ராஜாவிடம் போய் நிற்கவில்லை. ராஜாவுக்கு ‘உம்முடைய’ நீதியைக் கொடும் என்று தேவனிடம் கேட்கிறது. நீதி ராஜாவின் சொந்தச் சரக்கு அல்ல, வாங்கித்தான் ஆக வேண்டும். 146-ம் சங்கீதம் தடுப்பது நம்பிக்கையை மனுஷன்மேல் வைப்பதை. அவனுக்காக ஜெபிப்பதை அல்ல. அதே சங்கீதம் 7-ம் வசனத்தில், ஒடுக்கப்பட்டவர்களுக்கு நியாயம் செய்கிறவர் கர்த்தர் என்று சொல்கிறது. 72 கேட்பதும் அந்த நியாயத்தைத்தான். அது ஓர் அரசாட்சியின் வழியாக வரட்டும் என்கிறது.

இந்த ஜெபம் எங்கே தடம் புரளும் என்றால், 8 முதல் 11 வரையுள்ள வசனங்களில். சமுத்திரம் முதல் சமுத்திரம் வரை ஆளுகை, தர்ஷீஸ், ஷேபா என்ற தூர தேசங்களிலிருந்து காணிக்கை, சகல ராஜாக்களும் பணிவது! வாசிக்கும்போது உற்சாகம் தலைக்கேறும். அங்கேயே நிறுத்தினால் அது வெற்றி முழக்கம்தான். 12 முதல் 14 வரை அதற்கான காரணம் வருகிறது: கூப்பிடுகிற எளியவனை அந்த ராஜா விடுவிக்கிறார், ஏழையின் இரத்தம் அவர் பார்வைக்கு அருமையாயிருக்கிறது. இந்தக் காரணத்தை எடுத்துவிட்டால் மேலே சொன்ன பெருமைக்கு ஆதாரமே இல்லை. ஆகவே உங்கள் கூட்டத்தில் 8-ம் வசனத்தை வாசிக்கிறவர் 14-ம் வசனம் வரை வாசித்தாக வேண்டும் என்று ஒரு விதியே வைத்துக்கொள்ளலாம்.

72-ம் சங்கீதத்தின் தலைப்பில் சாலொமோன் ராஜாவின் பெயர் இருப்பதையும் கவனியுங்கள். ராஜாவுக்கு உபாகமம் 17-ம் அதிகாரம் மூன்று தடைகள் போடுகிறது: குதிரைகளைப் பெருக்கக்கூடாது, மனைவிகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாய்ச் சேர்க்கக்கூடாது. 1 இராஜாக்கள் 10, 11 அதிகாரங்களைத் திறந்தால் சாலொமோன் சேர்த்தவற்றின் கணக்கு வரிசையாக இருக்கிறது. 1,400 இரதங்கள், 12,000 குதிரைவீரர், வருஷத்தில் வந்த பொன் 666 தாலந்து, 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள். எகிப்திலிருந்து வந்த இரதம் ஒன்றுக்கு 600 வெள்ளிக்காசு, குதிரைக்கு 150 என்று விலைகூட எழுதியிருக்கிறது. அவர் மறைந்ததும் ஜனங்கள் மகனிடம் வந்து கேட்டது ஒன்றே: உம்முடைய தகப்பன் வைத்த பாரமான நுகத்தை லகுவாக்கும். ஞானத்தைக் கேட்டு வாங்கிய ராஜாவின் கதையே இப்படி முடிந்தது. இருந்தும் அந்த ஜெபத்தை யாரும் சங்கீதப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போடவில்லை. ராஜா தவறினான் என்பதற்காக ஏழைக்கு நியாயம் வேண்டாம் என்று ஆகிவிடுமா?

ஏக்கம் அதற்குப் பிறகும் வளர்ந்தது. சகரியா 9-ல் ராஜா கழுதையின்மேல் தாழ்மையாய் வருகிறார். எருசலேமில் குதிரைகள் அற்றுப்போகின்றன. உடனே ‘சமுத்திரம் தொடங்கி மறுசமுத்திரம் வரை’ என்ற 72-ன் வரி வருகிறது. கி.மு. 63-ல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமைப் பிடித்த காலத்தை ஒட்டி எழுந்த ‘சாலொமோனின் சங்கீதங்கள்’ என்ற தொகுப்பு நம் வேதாகமத்தில் இல்லை. அதன் 17-ம் பாடல் தாவீதின் குமாரனை அனுப்பும் என்று கெஞ்சிவிட்டு, அவர் குதிரையையும் வில்லையும் நம்பமாட்டார், போருக்காகப் பொன் சேர்க்கமாட்டார் என்கிறது. உபாகமத்தின் அதே அளவுகோல்தான். கிறிஸ்தவர்கள் இந்த ஏக்கத்தை இயேசுவில் வைத்து ஜெபிக்கிறோம். ஆனால் ‘அவர் வந்து எல்லாம் சரியாகும்’ என்று சொல்லி இன்றைய கூலிப் பாக்கியை மறக்க அது சாக்கு ஆகக்கூடாது. எரேமியா 22-ல், வேலைவாங்கிக் கூலி கொடுக்காமல் வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ என்கிற தீர்க்கதரிசி, எளியவனுடைய நியாயத்தை விசாரிப்பதல்லவோ கர்த்தரை அறிகிற அறிவு என்கிறார்.

இனி நடைமுறை. அரை மணி நேரம் இருந்தால் முதலில் புலம்புங்கள். 94-ம் சங்கீதத்தின் முதல் ஏழு வசனம் போதும். ‘எதுவரைக்கும்’ என்று கேட்க வேதமே சொல்லிக்கொடுத்திருப்பதால் உங்கள் கொதிப்புக்கு வெட்கப்பட வேண்டாம். பிறகு 72-ஐ முழுவதும் சத்தமாக வாசியுங்கள். அடுத்து, ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஊழல் ஒழியட்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் ஜெபத்துக்குப் பிடிப்பு இருக்காது. தீர்ப்பு வராமல் கிடக்கிற ஒரு வழக்கு, பிடுங்கப்பட்ட ஒரு நிலம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவரின் அனுமதியில்லாமல் பெயர் வேண்டாம். விவரம் இரண்டு வாக்கியம் போதும். அதற்கு மேல் போனால் செய்தி வாசிப்பாகிவிடும். கர்த்தருக்கு அது தெரியாததல்ல. இரண்டு நிமிடம் மௌனம். அதன் பின் 1 முதல் 4 வரையுள்ள வசனங்களை அந்தக் காரியத்தோடு சேர்த்து விண்ணப்பமாக்குங்கள்.

4-ம் வசனத்தில் ‘இடுக்கண் செய்கிறவனை நொறுக்குவார்’ என்று வரும். சிலர் கூச்சப்பட்டு அதை விட்டுவிடுவார்கள். சிலர் பக்கத்து வீட்டுப் பகையாளியை அதில் நுழைப்பார்கள். இரண்டும் வேண்டாம். வசனம் பேசுவது ஏழையை நசுக்குகிறவனைப் பற்றி. நொறுக்கும் வேலையை நம் கையில் எடுத்துக்கொள்ளாமல், நியாயாதிபதியிடம் விட்டுவிடுகிறோம்.

தலைவர்களின் பெயரைச் சொல்லலாமா என்றால், சொல்லலாம். ஆனால் நீங்கள் ஆதரிப்பவரின் பெயரைச் சொல்லும் நாளில் பிடிக்காதவரின் பெயரையும் சொல்லி, இருவருக்கும் அதே 1-ம் வசனத்தைக் கேளுங்கள். 1 தீமோத்தேயு 2-ம் அதிகாரம் ராஜாக்களுக்காக ஜெபிக்கச் சொன்னது ரோமப் பேரரசின் காலத்தில். பாபிலோனின் சமாதானத்தைத் தேடச் சொன்ன எரேமியா 29 சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்டது. பெயரைச் சொல்லி ஜெபிக்கிறவர் 72-ம் சங்கீதம் 17-ம் வசனத்தின் ‘அவருடைய நாமம் என்றென்றைக்கும் இருக்கும்’ என்பதை மட்டும் எந்தக் கட்சித் தலைவருக்கும் சூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராஜாவை அவ்வளவு உயர்த்திப் பாடிய சங்கீதமே 18-ல் திரும்பிக் கர்த்தரைத்தான் ஸ்தோத்திரிக்கிறது. அதிசயங்களைச் செய்கிறவர் அவரே என்கிறது.

கடைசியில் நீதிமொழிகள் 31:8, 9-ஐ வாசித்து, வாயற்றவனுக்காக வாயைத் திறக்கும் வேலை இந்த வாரம் உங்களில் யாருக்கு என்று முடிவு செய்யுங்கள். மனு எழுதுவதோ, அலுவலகத்துக்கு உடன் போவதோ, அது அந்தக் காரியத்தைப் பொறுத்தது. அடுத்த கூட்டத்தில் புதிய விஷயத்தை எடுக்குமுன் பழையது என்ன ஆயிற்று என்று கேட்டு, முடியாவிட்டால் அதையே மறுபடியும் வையுங்கள்.