பாட்டு உங்களுடையது, வீடியோவில் முகம் யாருடையது?

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவரும் இரண்டு கூட்டாளிமாரும் சேர்ந்து ஒரு பாட்டு செய்திருக்கிறார்கள், ஒலிப்பதிவு முடிந்துவிட்டது. கொழும்பில் ஒருவர் மூன்றரை இலட்சம் ரூபாவுக்கு மியூசிக் வீடியோ செய்து தருகிறேன் என்கிறாராம். கதாநாயகி, ட்ரோன், இரண்டு நாள் படப்பிடிப்பு, அவருடைய யூடியூப் சேனலில் வெளியீடு, ஒரு இலட்சம் பார்வைக்கு உத்தரவாதம், பதிப்புரிமைப் பதிவு எல்லாம் அதில் அடக்கம். கட்டாரில் இருக்கும் அண்ணன் காசு அனுப்பத் தயார். தம்பி கேட்பது மூன்று: வீடியோ உண்மையில் எதற்கு, பாட்டு வரிகள் ஓடுகிற வீடியோ போதாதா? இந்த விலை நியாயமா? கொழுந்தெடுக்கும் அம்மாவை அதில் காட்டலாமா?

விலையை முதலில் முடித்துவிடுகிறேன். கொடுக்க வேண்டாம். மூன்றரை இலட்சம் கூடுதலா குறைவா என்று நான் பார்க்கவில்லை. அந்தப் பட்டியலில் உங்கள் பாட்டுக்குத் தேவையானது ஒன்றுகூட இல்லை, அதனால் சொல்கிறேன்.

வீடியோ எதற்கு என்றால், பாடகர் நேரில் போக முடியாத இடத்துக்கு அவருக்குப் பதிலாகப் போவதற்கு. 1975இல் இங்கிலாந்தின் குயின் இசைக்குழு ஒரு நீளமான பாட்டை வெளியிட்டது. தொலைக்காட்சிக்கு நேரில் போய்ப் பாட அவர்களுக்கு வசதிப்படவில்லை, சுற்றுப்பயணம் வேறு இருந்தது. அதனால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் ஒரு வீடியோ எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இருட்டில் நான்கு முகங்கள், அதுதான் இன்றைக்கும் எல்லாருக்கும் ஞாபகம். 1981 ஓகஸ்டில் அமெரிக்காவில் எம்டிவி தொடங்கி, நாள் முழுக்க வீடியோவாகவே போட ஆரம்பித்த பிறகு அது பெரிய தொழிலாகிவிட்டது. ஆனாலும் வேலை அதேதான். முகத்தையும் பாட்டையும் சேர்த்து ஒருவர் மனதில் உட்கார வைப்பது. திரும்ப ஒரு தடவை கேட்க வைப்பது.

நம் ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் சினிமாப் பாட்டு. சினிமாவில் பாடியவர் ஸ்டூடியோவோடு போய்விடுவார், திரையில் வாயசைப்பது நடிகர். படத்தை விற்கத்தான் அந்தப் பாட்டு இருக்கிறது, அதனால் அங்கே அது சரி. உங்களுக்கு விற்கப் படம் ஏது? நீங்கள்தான் இருக்கிறீர்கள். உங்கள் குரலுக்கு யாரோ ஒரு அழகான பையன் வாயசைத்து, யாரோ ஒரு பிள்ளை மழையில் நனைந்து ஓடினால், பார்ப்பவன் அந்தப் பிள்ளை யார் என்று கமெண்டில் கேட்பான். உங்களைக் கேட்க மாட்டான். அடுத்த மாதம் ஹட்டனில் ஒரு மேடை கிடைத்து நீங்கள் ஏறினால், பாட்டைத் தெரிந்தவனுக்கும் உங்களைத் தெரியாது. நான் எடிட் செய்த சுயாதீனப் பாட்டுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். காதல், பிரிவு, நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. பாடகர் கடைசியில் இரண்டு செக்கன் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவார்.

ஆகவே பாடுகிறவர் பாட வேண்டும், வாத்தியம் அடிக்கிறவர் அடிக்க வேண்டும், முதல் பத்து செக்கனுக்குள் முகம் வந்துவிட வேண்டும். பல்லவி திரும்ப வரும்போதெல்லாம் அதே இடத்துக்கு வாருங்கள், கண்ணுக்கும் அது பல்லவி என்று தெரியட்டும். சரணத்துக்கு இடத்தை மாற்றலாம். இடையிசையில் தப்பு மேளம் ஒலித்தால் அந்தத் தப்பைக் காட்டுங்கள். தப்புச் சத்தத்துக்குத் தேயிலை மலையையும் அருவியையும் காட்டுகிற பழக்கத்தை யார் தொடக்கி வைத்தார்களோ தெரியாது, கையில் கிடைத்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். வரிகள் ஓடும் வீடியோ காசில்லாத நேரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் அது முகத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காது.

வாயசைப்பு சரியாக வர வேண்டுமானால் பாட்டின் கடைசி வடிவம் கையில் இருந்தால் மட்டும் படப்பிடிப்புக்குப் போங்கள். ஒரு தடவை ஹப்புத்தளையில் பனிக்குள் நின்று நாள் முழுக்க எடுத்துவிட்டு வந்தோம். இரண்டு கிழமை கழித்து இசையமைத்தவர் பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டார். உதடு ஒன்று சொல்லுது, பாட்டு ஒன்று சொல்லுது. வேறு வழியில்லாமல் பாடகரின் முதுகை வைத்தே முக்கால்வாசிப் பாட்டை ஒப்பேற்றினேன். கவித்துவமாக இருந்தது என்று நாலு பேர் பாராட்டினார்கள், பாடகர் இன்றுவரை என்னோடு பேசவில்லை. படப்பிடிப்பில் போனில் பாட்டைப் போட்டுக் காதில் கேட்டுக்கொண்டு முணுமுணுக்க வேண்டாம். நல்ல ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டு, கழுத்து நரம்பு புடைக்க நிஜமாகவே பாட வேண்டும். கெமராவின் ஒலிப்பதிவையும் நிறுத்தாதீர்கள், எடிட்டிங்கில் பொருத்த அதுதான் உதவும்.

அப்புறம் அந்த ஒரு இலட்சம் பார்வை. இப்படி உத்தரவாதத்தோடு வருகிற பார்வையில் பெரும்பாலும் நிஜமாகப் பார்க்கிறவன் இல்லை. போலிப் பார்வை யூடியூபின் விதிகளுக்கு எதிரானது, அவர்கள் கழித்துவிடுவார்கள், சேனலுக்கே ஆபத்தும் வரலாம். அந்தக் கொழும்புக்காரருடைய சேனலில் ஏற்றுவதை ஒத்துக்கொள்ளவே கூடாது. வீடியோ யார் சேனலில் இருக்கிறதோ, பார்வையும் சந்தாதாரரும் கமெண்டும் வருமானமும் அங்கேயே நின்றுவிடும். நாளைக்கு உங்கள் சேனலில் திரும்ப ஏற்றினால் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்துதான். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்று யூடியூப்காரர்கள் வாசலிலேயே மறித்து வைத்திருக்கும்போது, உங்கள் பாட்டால் வரும் மணி நேரத்தை அடுத்தவர் கணக்கில் ஏன் போடுகிறீர்கள்?

பதிப்புரிமைப் பதிவுக்கு என்று காசு கேட்பவரை அப்படியே வழியனுப்பிவிடுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பாட்டு உருவானவுடனேயே உரிமையும் பிறந்துவிடுகிறது, பதியத் தேவையில்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும் காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும் அது நிற்கும். பயப்பட வேண்டியது வேறு இடத்தில். வீடியோ விஷயத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சட்டம் உரிமையாளராக முதலில் பார்ப்பது தயாரிப்பாளரை. காசு போடுவது கட்டாரில் இருக்கிற அண்ணன். தாளிலும் திரையிலும் தயாரிப்பாளர் என்று யார் பெயர் வரப்போகிறது? அதைக் கேளுங்கள். அந்தக் கொழும்பு மனிதர் சிரிப்பை நிறுத்திவிடுவார்.

நான் சொன்னதிலெல்லாம் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பையன்கள் அதிகம் மாட்டுகிறார்கள். பாட்டு உங்களுடையது என்றேன். உங்கள் இசை இணையத்தில் வாங்கிய அல்லது இலவசமாக இறக்கிய பீட், அதாவது ஏற்கெனவே செய்து வைத்த பின்னணி இசை, என்றால் முழுக்க உங்களுடையது இல்லை. அதை லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், பொதுக் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் தண்ணீர் பிடிக்கலாம், பக்கத்துக் காம்பராக்காரரும் பிடிக்கலாம். யாரும் பூட்டுப் போட முடியாது. இந்தப் பாட்டை "பாதுகாத்துத் தருகிறேன்" என்று ஒரு இடைத்தரகர் யூடியூபின் கொன்டென்ட் ஐடியில், அதாவது ஒரே இசை வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கிற ஏற்பாட்டில், போட்டுவிட்டால், அது குழாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி. அதே பீட்டில் பாடிய மற்றவர்களின் வீடியோக்களுக்கெல்லாம் உங்கள் பெயரில் உரிமைகோரல் போகும், அவர்கள் சண்டைக்கு வருவார்கள், பீட் செய்தவரும் வருவார். இது மறுபக்கமும் நடக்கும். வேறொருவர் பூட்டுப் போட்டு, உங்கள் சொந்தப் பாட்டுக்கே உங்களுக்கு உரிமைகோரல் வரும். வந்தால் பதற வேண்டாம், உரிமைகோரல் வேறு, சேனலுக்கே விழும் எச்சரிக்கையான ஸ்ட்ரைக் வேறு. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால்தான் சேனல் போகும். பீட் வாங்கிய ரசீதையும் உரிமப் பத்திரத்தையும் வைத்து ஆட்சேபிக்கலாம். பதில் மனிதர் எழுதியது போலவே இருக்காது, அதற்கு நானும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. தனி உரிமையோடு வாங்கிய பீட் என்றால் கதை வேறு, அப்போது பூட்டு உங்களுடையது. இலவசம் என்று போட்டிருந்தால் வியாபாரத்துக்கும் இலவசமா என்று கீழே பொடி எழுத்தில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. உங்கள் கூட்டாளி தானே தட்டிச் செய்த இசை என்றால் இந்தப் பந்தி உங்களுக்கு இல்லை.

இனி அனுமதி. தேயிலை மலையில் எடுக்கத் தோட்டத்து ஒப்பீசுக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். பெரிய துரை, அதாவது தோட்டத்து மனேஜர், கம்பனியைக் கேட்க வேண்டும் என்பார், கம்பனி கொழும்பில் இருக்கும், கடிதம் அங்கே தூங்கும். சுற்றுலாப் பயணி வந்து தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று நூறு போட்டோ எடுத்துக்கொண்டு போவார், அவரை ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்த மலையில் மூன்று தலைமுறையாகக் கொழுந்தெடுத்த வீட்டுப் பிள்ளை பாட மட்டும் கடிதம் வேண்டும். எரிச்சல்தான், ஆனாலும் கடிதம் கொடுத்து முத்திரை வைத்த நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இருக்கிறதா என்று வாடகைக்குத் தருபவரிடம் தாளைக் கேளுங்கள். தண்டவாளத்தில் நின்று எடுக்கவே வேண்டாம். தெமோதரை ரயில் பாலம் 1921இலிருந்து அங்கேயே நிற்கிறது, உங்கள் பாட்டில் இல்லாவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது.

நாள் பார்ப்பதென்றால் தலவாக்கலையில் தையிலிருந்து பங்குனி வரை நல்ல வெளிச்சம். வைகாசிக்குப் பிறகு தென்மேல் பருவமழை கெமராவைத் திறக்க விடாது. ஆடி ஆவணியில்தான் முடியும் என்றால் பண்டாரவளைப் பக்கம் போங்கள், அப்போது அந்த ஊவாப் பகுதியில் காற்றும் வெயிலும்.

அம்மா விஷயம். தாராளமாகக் காட்டுங்கள், அவருக்குச் சம்மதம் என்றால். "என் மூஞ்சியைப் போய் யார் பார்க்கப் போறா" என்று அவர் சொல்வதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை கேளுங்கள். வேலை நேரத்தில் கூப்பிட்டு நிறுத்த வேண்டாம். இன்னும் ஒருக்கா, இந்தப் பக்கம் திரும்புங்க என்று நீங்கள் சொல்லச் சொல்ல, மடுவத்தில் கொழுந்தை நிறுக்கும்போது அவருக்குக் கிலோ குறையும், அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். பக்கத்து நிரையில் நிற்கிற அக்காமாருக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில், லயத்து வாசலில், அவர் தனக்குப் பிடித்த சேலையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும், பக்கத்தில் நின்று நீங்கள் பாடுங்கள். கூடையும் இடுப்பில் கட்டும் படங்கும் எதற்கு, அவர் உங்கள் அம்மா என்று பார்க்கிறவனுக்கு முகத்திலேயே தெரியும்.