மகளின் கேமரா பற்றி உடன்குடி அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சனிக்கிழமை நீங்களும் மதினியும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்து போனதிலிருந்து உங்கள் கேள்வி மனசிலேயே கிடக்கிறது. "பனை ஏறுறதையும் உப்பு வாருறதையும் படம் புடிச்சா எவன் சார் சம்பளம் கொடுப்பான்?" என்று கேட்டீர்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு அரைகுறையாகப் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் அன்று பேச்சை மாற்றினேன். இப்போது சொல்கிறேன்.

பனைத்தொழிலையும் உப்பளத்தையும் மட்டும் படம் எடுப்பதற்கு மாதச் சம்பளம் தருகிற வேலை என்று ஒன்று நான் அறிந்தவரை இல்லை. இதை அவளிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தத் திறமைக்கு வேலை உண்டு, வேறு பெயர்களில். பத்திரிகைகளுக்குப் போட்டோகிராபர் வேண்டும். தொல்லியல் துறையில் அகழாய்வைப் படம் எடுக்க ஆள் வேண்டும். ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை எல்லாம் நம் தாமிரபரணிக் கரையில்தானே இருக்கின்றன. செய்தி மக்கள் தொடர்புத் துறை இருக்கிறது, தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன, பொருளை ஆன்லைனில் விற்கிற வியாபாரிகள் இருக்கிறார்கள். ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கிறவருக்குப் புரிகிற மாதிரி படத்தில் காட்டத் தெரிந்தவரைத்தான் இவர்கள் எல்லோரும் தேடுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு அது வருமா என்பதுதான் நான் பார்க்க வேண்டியிருந்தது.

அன்று அவள் காட்டிய படங்களில் பாதிக்கு மேல் மணப்பாட்டில் சூரியன் மறைகிற படங்கள். அழகாகத்தான் இருந்தன. ஆனால் அந்தக் குன்றில் ஏறிய எல்லோர் போனிலும் அதே படம் இருக்கும். நான் நிறுத்திப் பார்த்தது ஒரே ஒரு படத்தை. உங்கள் சித்தப்பா பனையை விட்டு இறங்கி, அருவாப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரிவாளைத் தீட்டுகிறார். விடிந்தும் விடியாத வெளிச்சம். மரத்தை அணைத்து அணைத்து நெஞ்சில் விழுந்த காய்ப்பு தெரிகிறது. பெட்டிக்குள் பாளையை நசுக்குகிற கடிப்பு. காலடியில் பதநீர் இறக்குகிற ஒரு கலயம், அதன் உள்வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. நோட்டில் இந்தப் படத்துக்கு நேரே எழுதி வைத்திருக்கிறாள்: "சுண்ணாம்பு தடவலைன்னா புளிச்சிரும். காலையும் சாயங்காலமும் ஏறணும்."

ஏறுகிற படம் ஏன் இல்லை என்று கேட்டேன். "நான் போறதுக்குள்ள தாத்தா இறங்கிட்டாங்க. படத்துக்காக இன்னொரு தடவை ஏறச் சொல்ல மனசு வரலை" என்றாள். பனையில் கால் தவறினால் என்ன ஆகும் என்று தெரிந்த வீட்டுப் பிள்ளையின் பதில் அது, அண்ணாச்சி. இந்தத் துறையில் பல வருஷம் கழித்துக்கூட இது சிலருக்கு வருவதில்லை. அதனால்தான் நான் அவள் பக்கம் நிற்கிறேன்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. அது முடிகிற வரை கேமரா பீரோவில் இருக்கட்டும். தேர்வு முடிந்ததிலிருந்து கல்லூரி திறக்கிற வரை கிடைக்கிற நாட்கள் அவளுக்கென்றே அமைந்த மாதிரி இருக்கின்றன. பங்குனியிலிருந்து ஆடி வரை பதநீர் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போதுதான் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்து தைப்பார்கள். தூத்துக்குடி உப்பளங்களிலும் கோடையில்தான் வேலை உச்சத்தில் இருக்கும். மூன்றையும் தொடாமல் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் பனைதான். பாளை சீவத் தொடங்குகிற நாளிலிருந்து, விடிலி என்கிற குடிசையில் பதநீர் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுத்து, உங்கள் கடைத் தராசுக்கு வருகிற வரை ஒரே குடும்பத்தின் பின்னால் போகட்டும். முப்பது படம் தேறினால் போதும். ஒவ்வொன்றுக்கும் நாள், இடம், ஆள், அந்த வேலைக்கு ஊரில் சொல்கிற பெயர் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். படத்தில் இருப்பவரிடம் சம்மதம் கேட்க வேண்டும், பிரிண்ட் போட்டு ஒரு பிரதி அவர் கையிலும் கொடுக்க வேண்டும்.

உப்பளம் அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும். அங்கே வெளிச்சமே வேறு. வெள்ளை உப்பைப் பார்த்துக் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும், உப்பு சாம்பல் நிறத்தில் வரும்; எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்குகிற வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) கூட்டி எடுக்கப் பழக வேண்டும். அதைவிட முக்கியமாக ஐப்பசி, கார்த்திகையிலும் அங்கே போக வேண்டும். மழை விழுந்து பாத்தியெல்லாம் தண்ணீராகி, வேலை இல்லாமல் இருக்கிற மாதங்கள் அவை. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. உப்புக் குவியலைப் படம் எடுக்க எல்லோரும் வருவார்கள். வேலை நின்ற அளத்தைப் படம் எடுக்க, பக்கத்து ஊரில் இருப்பவரால்தான் முடியும்.

படிப்பு விஷயம். சென்னையில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தைக் காட்டினீர்கள். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. அதே மாதிரி ஓர் இடத்தில் கடன் வாங்கிப் பணம் கட்டிய ஒரு பையன், கையில் ஒரு சான்றிதழோடு என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறான். எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் பட்டம் கேட்டார்கள். அந்தச் சான்றிதழ் அதற்கு ஈடாகவில்லை. நான்தான் அவனைத் திரும்பவும் கல்லூரியில் சேர்த்துவிட்டேன். ஆகவே முதலில் ஒரு பட்டம். நம் பக்கத்திலேயே விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கலாம், அதற்கு மேலே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் படிக்கலாம். வெளியே அனுப்ப மனம் வந்தால், தரமணி அரசு திரைப்படக் கல்லூரியின் ஒளிப்பதிவுப் படிப்புக்கும், ஹைதராபாத் ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் போட்டோகிராபி நுண்கலைப் பட்டத்துக்கும் விண்ணப்பம் போடலாம். இரண்டும் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான்கு வருஷப் படிப்பு. அரசுக் கல்வி நிலையம் என்பதால் கட்டணம் கைக்கு அடங்கும். இடம் கிடைப்பதுதான் கஷ்டம். ஆகவே விஸ்காம் இடத்தையும் கைவிடாமல் வைத்திருங்கள்.

புதுக் கேமரா இப்போது வேண்டாம். இருக்கிற பழைய கேமராவே போதும். கடற்கரையில் லென்ஸைக் கழற்றி மாட்டக் கூடாது, வீட்டுக்கு வந்ததும் துடைத்து வைக்க வேண்டும். உப்புக் காற்று உள்ளே போனால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பணம் செலவு செய்வதென்றால் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

வருமானம்? முதல் சில வருஷம் கல்யாண வீடும் பள்ளி விழாவும்தான் சோறு போடும். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. உங்கள் கடையிலிருந்தே தொடங்கலாம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் உங்கள் பாக்கெட்டில் ஏதோ ஒரு ஊர்த் தென்னைமரம் இருக்கிறது, அண்ணாச்சி. அவளைப் படம் எடுக்கச் சொல்லி, பில் போடச் சொல்லி, பணத்தைக் கையில் கொடுங்கள். ஒரு சட்ட விஷயமும் தெரிந்திருக்கட்டும்: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்குப் போய்விடும். தானாக எடுத்தது அவளுடையது. அவள் ஆயுசு முழுக்கவும், அதற்குப் பின் 60 வருஷமும் அந்த உரிமை நிற்கும். அதனால்தான் பனைப் படங்களைச் சும்மா யாருக்கும் தூக்கிக் கொடுக்கக் கூடாது என்கிறேன்.

மதினி கண்கலங்கியது வேறு விஷயத்துக்கு. வயசுப் பிள்ளை விடியக்காலையில் தேரிக்காட்டில் தனியாகச் சுற்றுவதா என்று. அந்தப் பயத்தை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். முதல் வருஷம் சொந்தக்காரர் விடிலிக்கு மட்டும் போகட்டும். உப்பளத்துக்குப் போகும்போது அங்கே வேலை செய்கிற பெண்களோடு சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்பட்டும். அங்கே பெண்களே நிறைய. மதுரைக்காரரான போட்டோகிராபர் எம். பழனி குமார் எடுத்த படங்களை மதினிக்கு ஒருநாள் காட்டச் சொல்லுங்கள். அவர் அம்மா மீன் விற்றவர். பத்திரிகையாளர் சாய்நாத் 2014இல் தொடங்கிய, கிராமத்து மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்கிற 'பாரி' இணையதளத்தில் தூத்துக்குடி உப்பளப் பெண்களை அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன, தமிழிலேயே படிக்கலாம்.

தேர்வு முடிந்த வாரம் அவளை மறுபடி கூட்டி வாருங்கள். அந்த நோட்டையும் கொண்டு வரட்டும். அதற்குள் உங்கள் சித்தப்பா இந்த வருஷம் எத்தனை பனை ஏறப் போகிறார், எப்போது பாளை கட்டுகிறார் என்று அவளே கேட்டு எழுதியிருக்க வேண்டும்.