கரண்ட் போனால் நெட்டும் போகிறது, பெரிய இன்வெர்ட்டர் வாங்கலாமா?

கேள்வி: ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். 900 வி.ஏ. இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். பேட்டரியும் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. கரண்ட் போனால் ஃபேன், லைட் எல்லாம் ஓடுகின்றன, நெட் மட்டும் போய்விடுகிறது. சில நாள் ஐந்து நிமிஷத்தில் தானாக வந்துவிடும். மாதாந்திர பவர் கட் அன்று மட்டும் ஒரு மணி நேரம் போல ஓடிவிட்டு, அப்புறம் கரண்ட் வரும்வரை வருவதே இல்லை. ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் அறுந்தால் அன்றைய டார்கெட் போச்சு. இன்வெர்ட்டர் வாங்கிய கடையில் கேட்டால், "லோடு பத்தலை, 1,500 வி.ஏ. போடுங்க, இருக்கிற பேட்டரியோட இன்னொண்ணு சேர்த்துக்கலாம்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். கடைக்காரர் சொன்ன காரணம் தவறு. நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடையும் இருக்கிறது. உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஐந்து நிமிஷத்தில் திரும்ப வருவது உங்கள் வீட்டுக் கோளாறு. கரண்ட் வரும்வரை வராமல் இருப்பது உங்கள் நெட் ஆபரேட்டர் பக்கக் கோளாறு. இரண்டாவதற்கு எத்தனை ஆயிரம் செலவழித்து எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் வைத்தாலும் பலன் இருக்காது.

முதலில் லோடு. நெட் பெட்டியின் அடாப்டரை எடுத்து அதன் ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருக்கும், சிலதில் ஒன்றரை. அதாவது அதிகபட்சமே 12 முதல் 18 வாட். ஒரு எல்.இ.டி. டியூப்லைட்டைவிடக் குறைவு. உங்கள் 900 வி.ஏ. இன்வெர்ட்டர் சுமார் 700 வாட் தாங்கும். அதற்கு இது சுண்டைக்காய். ஃபேனையும் லைட்டையும் ஓட்டும் இன்வெர்ட்டருக்கு இந்தப் பெட்டி மட்டும் பாரமாகிவிடுமா? லோடு பத்தவில்லை என்றால் இன்வெர்ட்டரே கத்திவிட்டு நின்றுபோகும்.

இப்போது வீட்டுக் கோளாறு. கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறக் கொஞ்ச நேரம் எடுக்கும். நீங்கள் கண் இமைப்பதைவிடக் குறைவான நேரம்தான். ஃபேன் சுற்றிய வேகத்தில் அதைத் தாண்டிவிடும், லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும். நெட் பெட்டி அப்படி இல்லை, அது ஒரு சின்ன கம்ப்யூட்டர். அந்த இடைவெளியில் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தொடங்கி, ஆபரேட்டரிடம் தன்னைப் பதிவு செய்து, நெட்டைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிஷம். அதற்குமேல் உங்கள் விபிஎன் லாகின். இதுதான் அந்த ஐந்து நிமிஷம்.

இதைச் சோதிக்க பவர் கட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வேலை இல்லாத நேரத்தில் வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். அணைக்கும்போது நெட் பெட்டியைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்கட்டும். பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்து ஒவ்வொன்றாக எரிந்தால் நான் சொன்ன கோளாறுதான். சிலர் வீட்டில் ஃபைபர் வரும் பெட்டி ஒன்றும் வைஃபை ரௌட்டர் ஒன்றும் தனித்தனியாக இருக்கும், அதில் ஒன்று மட்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. முதல் வழிக்குச் செலவே கிடையாது. இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் "யு.பி.எஸ்.", இன்னொரு பக்கம் "நார்மல்" அல்லது "இன்வெர்ட்டர்" என்று போட்டிருக்கும். பல வீடுகளில் அது நார்மலில்தான் இருக்கிறது, மாட்டிவிட்டுப் போனவர் தொட்டே பார்த்திருக்க மாட்டார். யு.பி.எஸ். பக்கம் தள்ளினால் மாறும் நேரம் வெகுவாகக் குறையும், பெரும்பாலும் பெட்டி அணையாது. ஒரு குறை உண்டு: மாலையில் வோல்டேஜ் மிகவும் இறங்கும் தெரு என்றால், கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குப் போய்விடும். அப்படி நடந்தால் பழையபடி மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது வழி, ரௌட்டருக்கென்றே விற்கிற மினி யு.பி.எஸ். உள்ளங்கை அளவுப் பெட்டி, அடாப்டருக்கும் நெட் பெட்டிக்கும் நடுவில் செருகுவது. ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. உங்களிடம் இன்வெர்ட்டர் இருப்பதால் அந்த ஒரு கண நேர இடைவெளியை அது தாண்டினால் போதும், மணிக்கணக்கில் தாங்க வேண்டியதில்லை. அதனால் இருப்பதிலேயே சின்னதாக வாங்குங்கள். "10,000 எம்.ஏ.எச்., பத்து மணி நேரம் ஓடும்" என்று விற்பவரிடம் அதிகப் பணம் கொடுக்காதீர்கள். அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. நெட் பெட்டி கேட்பது 12 வோல்ட். மாற்றிக் கணக்கிட்டால் மூவாயிரம் சொச்சம்தான் வரும், 10 வாட் பெட்டி மூன்று மணி நேரம் ஓடினாலே அதிகம். வாங்கும்போது 12 வோல்ட் அவுட்புட்தானா, பின் உங்கள் பெட்டிக்குப் பொருந்துகிறதா என்று கையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். 9 வோல்ட்டைச் செருகினால் பெட்டி எரிந்தும் எரியாமலும் நிற்கும், ஆபரேட்டர் அதையே சாக்காகச் சொல்வார்.

கடைக்காரர் சொன்ன இன்னொரு விஷயத்தையும் விட முடியாது. "இருக்கிற பேட்டரியோடு இன்னொண்ணு." தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இரண்டு பேட்டரி இன்வெர்ட்டர் என்பது 24 வோல்ட், அதில் இரண்டையும் வரிசையாக இணைப்பார்கள். இரண்டு வருஷம் உழைத்த பேட்டரியையும் புதியதையும் ஒரே ஏரில் பூட்டினால், பழையது சீக்கிரம் இறங்கிப்போகும். சார்ஜ் ஏறும்போது ஒன்று நிரம்பி வழியும், மற்றது அரைகுறையாக நிற்கும். கடைசியில் புதியதையும் பழையது கெடுத்துவிடும். அப்போது அதே கடை உங்களுக்கு ஜோடியாக இரண்டு பேட்டரி விற்கும். பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். உங்கள் வாரண்டி கார்டை எடுத்துப் பாருங்கள், இன்னும் காலம் இருக்கலாம். வாரண்டி உள்ள பேட்டரியை ஈய எடைக்குக் கொடுப்பது உங்களுக்கு நஷ்டம், வாங்குகிறவருக்கு லாபம். இந்தக் கடைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன்களுக்குக் கமிஷன் போவதை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். எல்லோரும் அப்படி இல்லை. ஆனால் வோல்ட் மீட்டரை வெளியே எடுக்காமலேயே "பேட்டரி போச்சு" என்கிறவரை நம்பாதீர்கள்.

சரி, ஆபரேட்டர் பக்கத்துக்கு வருவோம். உங்களுக்கு முக்கியமானது இதுதான்.

உங்கள் வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை. அதில் கரண்ட் ஓடுவதில்லை, வெளிச்சம்தான் ஓடுகிறது. போஸ்டில் தொங்கும் பிரிப்பான் பெட்டிக்கும் கரண்ட் வேண்டாம். வருகிற ஒரு வெளிச்சத்தை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ அது பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தை அனுப்பும் எந்திரத்தை ஓ.எல்.டி. என்பார்கள். உங்கள் வீட்டிலிருந்து 20 கிலோமீட்டர் தூரம்வரைகூட அது இருக்கலாம். அதற்குக் கரண்ட் வேண்டும்.

உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போனால் ஓ.எல்.டி. இருக்கும் இடத்தில் பெரும்பாலும் கரண்ட் இருக்கும். அதனால்தான் அப்படிப்பட்ட நாட்களில் நெட் திரும்ப வந்துவிடுகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்குத் துணை மின் நிலையத்தையே காலை 9 மணிக்கு நிறுத்தினால் அந்த இடமும் சேர்ந்து இருட்டாகும். அங்கே பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறதோ அவ்வளவு நேரம்தான் உங்களுக்கு நெட். உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் நிற்கிறது என்றால் அங்கே பேட்டரி கிழமாகிவிட்டது, அல்லது போதவில்லை என்று அர்த்தம். பராமரிப்பு முடிய பிற்பகல் 2 மணியோ மாலை 5 மணியோ ஆகும், அதுவரை உங்கள் பெட்டி எரிந்துகொண்டே சும்மா இருக்கும்.

இதை விளக்கைப் பார்த்தே உறுதி செய்யலாம். நெட் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு உண்டு, சாதாரணமாக அணைந்திருக்கும். அது சிவப்பாகச் சிமிட்டினால் எதிர்ப்பக்கத்திலிருந்து வெளிச்சமே வரவில்லை என்று பொருள். பக்கத்தில் பி.ஓ.என். என்கிற பச்சை விளக்கு நிலையாக எரிந்தும் நெட் இல்லை என்றால், வெளிச்சம் வருகிறது, அதற்கும் மேலே எங்கோ அறுந்திருக்கிறது. பவர் கட் நேரத்தில் மட்டும் இப்படி ஆனால் இரண்டுக்குமே நீங்கள் பொறுப்பில்லை.

ஒரு ஊரில் அப்படிப்பட்ட ஓ.எல்.டி. அறையை நான் திறந்து பார்த்தேன். ஒரு கடையின் பின்பக்கம், செருப்பு அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ராக். கீழே இரண்டு பேட்டரி, ஒன்றின் வயிறு உப்பியிருந்தது, முனையில் பச்சையாகப் பூத்த பொடி. தண்ணீர் ஊற்றி எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டேன். அங்கிருந்த பையனுக்கு அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதே தெரியவில்லை. நூற்றுக்கணக்கான வீடுகளின் வேலையும் படிப்பும் அந்த இரண்டு பேட்டரியில் தொங்கிக்கொண்டிருந்தன. அதை மாற்றுவது கம்பெனியின் பொறுப்பா, உள்ளூர் ஆபரேட்டரின் பொறுப்பா என்று வாடிக்கையாளருக்கு யாரும் சொல்வதில்லை. வேகத்தைப் பற்றி விளம்பரம் செய்கிறார்கள், கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஒருவரும் எழுதிக் கொடுப்பதில்லை. மனசு ஆறவில்லை எனக்கு.

இங்கே ஒரு விதிவிலக்கு. உங்களுடையது தனி வீடு போலத் தெரிகிறது, உங்களுக்கு இது பொருந்தாது. ஆனாலும் அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே பல இடங்களில் ஃபைபர் வீட்டுக்குள் வருவதில்லை. மாடிப்படிக்குக் கீழேயோ மோட்டார் ரூமிலோ ஒரு இரும்புப் பெட்டிக்குள் ஸ்விட்ச் என்கிற, நெட்டைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவியை வைத்து, அங்கிருந்து லேன் கேபிளை ஒவ்வொரு வீட்டுக்கும் இழுத்திருப்பார்கள். அந்த ஸ்விட்ச் பொது மீட்டர் கரண்ட்டில் ஓடும். கரண்ட் போன அடுத்த நொடி மொத்த பிளாக்குக்கும் நெட் கிடையாது, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் இருந்தும். நீல நிறமோ சாம்பல் நிறமோ, டெலிபோன் வயரைவிடத் தடித்த கேபிள் உங்கள் வீட்டுக்குள் வந்தால் அது லேன். மஞ்சளோ கறுப்போ, மெல்லிய வயர் வந்து பச்சை அல்லது நீலத் தலையோடு செருகியிருந்தால் ஃபைபர். லேன் வருகிறவர்கள் அசோசியேஷனில் பேசி, அந்த ஸ்விட்ச்சுக்குப் பொது இன்வெர்ட்டரிலிருந்து ஒரு பிளக் பாயின்ட் கேளுங்கள். அதுவும் பத்து, இருபது வாட் சமாச்சாரம்தான். நான் குடியிருக்கும் பிளாக்கில் வராண்டா லைட்டுக்கு வைத்திருந்த இன்வெர்ட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்தோம், அரை நாள் வேலை. அதற்கு முன்பு எட்டு வீட்டுக்காரர்கள் தனித்தனியாக மினி யு.பி.எஸ். வாங்கிப் போட்டுக் காசை வீணாக்கியிருந்தார்கள்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். ஆபரேட்டரிடம் "நெட் வரலை" என்று மட்டும் சொன்னால், பெட்டியை அணைத்துப் போடச் சொல்வார்கள். ஆள் வருவதற்குள் கரண்ட் வந்துவிடும், விளக்கு பச்சையாகிவிடும், "நல்லாத்தானே இருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று புகாரை மூடிவிட்டுப் போவார். ஓ.டி.பி. கொடுக்காதீர்கள். அடுத்த பவர் கட் அன்று ஒரு தாளில் நேரத்தைக் குறியுங்கள்: கரண்ட் போன நேரம், எல்.ஓ.எஸ். சிவப்பான நேரம், கரண்ட் வந்த நேரம், சிவப்பு அணைந்த நேரம். சிவப்பு விளக்கு எரியும்போதே ஃபோனில் ஒரு படம். இப்படி இரண்டு மூன்று நாள் கணக்கோடு, "உங்கள் ஓ.எல்.டி. பேட்டரி ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்கவில்லை" என்று புகார் எழுதிப் பதிவு எண் வாங்குங்கள். அதே ஆபரேட்டரிடம் நெட் வாங்கும் அக்கம்பக்கத்து நாலு வீடும் எழுதினால் இன்னும் நல்லது. பதில் சரியில்லை என்றால் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், அதற்கும் இந்தப் பதிவு எண் வேண்டும். நேராக தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை, கம்பெனிக்குத்தான் திருப்பிவிடும். குறை சொல்லப்பட்டவரிடமே மேல்முறையீடும் போவது என்ன முறையோ, எனக்கு விளங்கியதே இல்லை.

புகார் கொடுக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: இணைப்பு உங்கள் பெயரில், உங்கள் மொபைல் எண்ணில் இருக்கிறதா? இணைப்பு கொடுக்க வந்த ஏஜென்ட் தன் எண்ணையே போட்டு வைத்திருப்பதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். புகார் மெசேஜும் ஓ.டி.பி.யும் அவருக்கே போகும், நீங்கள் பதிவு செய்யும் புகாரை அவரே மூடிவிடுவார். ரசீது இல்லாமல் கையில் பணம் வாங்குபவர் என்றால் சந்தேகமே வேண்டாம், இன்றே கம்பெனி ஆப்பில் நுழைந்து பாருங்கள்.

அவர்கள் பேட்டரி மாற்றும்வரை வேலை ஓட வேண்டுமே. செல்ஃபோன் டவர்களில் பேட்டரியோ ஜெனரேட்டரோ இருக்கும், அதனால் மொபைல் ஹாட்ஸ்பாட் கை கொடுக்கும். ஆனால் ஊரே மொபைல் டேட்டாவுக்கு மாறும் நேரம் அது, வேகம் குறையும். ஃபைபர் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி சிம்மை நம்ப வேண்டாம், வேறு கம்பெனி சிம் ஒன்றை வையுங்கள். விபிஎன் ஹாட்ஸ்பாட்டில் இணைகிறதா என்று சாதாரண நாளிலேயே ஒருமுறை பாருங்கள், சில அலுவலக விபிஎன்களுக்கு ஐ.டி. பிரிவின் அனுமதி தேவைப்படும். அனுமதி இல்லை என்பது நெட் நின்ற பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்துவிட்டு, எந்த விளக்கு அணைந்தது, எது என்ன நிறத்தில் எரிந்தது, உங்கள் இன்வெர்ட்டரில் அந்தச் சின்ன சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதி அனுப்புங்கள். அதற்குள் கடைக்காரர் ஃபோன் செய்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.