‘ஆனா’ன்னு இழுத்தா ஓட்டு இல்ல

போன இதழ்ல அமெரிக்க மாநில சட்டசபைத் தேர்தல் பத்தி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல துப்பாக்கி உரிமை கேக்குறவங்க எப்படி ஓட்டுப் போடுறாங்கன்னுதான் கேட்டிருந்தீங்க. அதனால இந்தத் தடவை வேற எந்தக் கேள்வியும் எடுத்துக்கல.

அக்கா, துப்பாக்கி வேணும்னு சொல்றவங்க எல்லாரும் ரிபப்ளிகன் கட்சிக்குத்தானே போடுவாங்க? அப்புறம் வேட்பாளரை எடைபோட என்ன இருக்கு?
– வாசகர், விருதுநகர்

நவம்பர் மாசம் நடக்குற பொதுத்தேர்தலை மட்டும் பார்த்தா நீங்க சொல்றது பெரும்பாலும் சரிதான் தம்பி. ஆனா அவங்க நிஜமா முடிவு எடுக்குறது அதுக்குப் பல மாசம் முன்னாடி நடக்குற பிரைமரில. நம்ம ஊர்ல யாருக்கு சீட்டுன்னு கட்சித் தலைமை சொல்லிடும், அங்க கட்சி சார்பா யார் நிக்கணும்ங்கிறதையும் மக்கள்தான் ஓட்டுப்போட்டு முடிவு பண்றாங்க. கிராமப்புறத் தொகுதி பலதுல ரிபப்ளிகன் ஜெயிக்கிறது உறுதி, அப்படின்னா பிரைமரில ஜெயிச்சவர்தான் உறுப்பினர், அந்தப் பிரைமரிக்கு வந்து ஓட்டுப் போடுறவங்க ரொம்பக் கம்மி, அதுல தவறாம வர்ற சில நூறு பேர் ஒரே விஷயத்தைப் பார்த்துப் போட்டா முடிவே மாறிடும்.

இன்னொண்ணு, முன்னாடி இப்படி கட்சி பிரிஞ்சு கிடக்கல. மினசோட்டா டிம் வால்ஸ் விவசாயத் தொகுதியோட டெமாக்ரட் எம்.பி.யா இருந்தப்ப, துப்பாக்கி உரிமைக்காகப் போராடுற பெரிய சங்கமான நேஷனல் ரைபிள் அசோசியேஷன் அவருக்கு ‘ஏ’ கிரேடு குடுத்து ஆதரிச்சிருக்கு, 2017ல லாஸ் வேகாஸ் துப்பாக்கிச்சூட்டுப் படுகொலைக்கு அப்புறம் அவங்க குடுத்த பணத்துக்கு ஈடா நன்கொடை குடுத்துட்டு நிலைப்பாட்டை மாத்திக்கிட்டார், 2018ல கிரேடு ‘எஃப்’ ஆயிடுச்சு. நியூயார்க் டெமாக்ரட் செனட்டர் கில்லிபிராண்டும் அதே மாதிரி ‘ஏ’ல இருந்து ‘எஃப்’புக்கு வந்தவங்கதான்.

அக்கா, எங்க வீட்டு தபால் பெட்டில பிரைமரிக்கு முன்னாடி ரெண்டு வேட்பாளரோட நோட்டீஸும் வந்துச்சு, ரெண்டு பேரும் துப்பாக்கியோட போட்டோ, ரெண்டு பேரும் துப்பாக்கி உரிமை தர்ற ரெண்டாவது சட்டத் திருத்தத்தைக் காப்பாத்துவேன்னு போட்டிருக்காங்க. இதுல அந்த வாக்காளர்கள் எப்படி ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பாங்க?
– வாசகி, ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

இதைத்தான் நான் ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டு இருந்தேன் கண்ணு, கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல கிரேடு. 1871ல ஆரம்பிச்ச நேஷனல் ரைபிள் அசோசியேஷன், 1976ல தேர்தலுக்குன்னே ஒரு அமைப்பு வெச்சாங்க. அது ஸ்கூல் மார்க் மாதிரி ஏ ப்ளஸ்ல இருந்து எஃப் வரைக்கும் போடும். ஓட்டும் போட்டு, சட்டம் வர்றதுக்காக முன்னாடி நின்னு சண்டையும் போட்டவருக்கு ஏ ப்ளஸ். புதுசா நிக்கிறவர்கிட்ட ஓட்டுக் கணக்கு எதுவும் இருக்காதில்ல, அவர் அவங்க அனுப்புற கேள்வித்தாளுக்கு எழுதின பதிலை வெச்சு மட்டும் குடுத்த கிரேடுன்னா ‘ஏ’க்குப் பக்கத்துல ‘க்யூ’ன்னு ஒரு எழுத்து இருக்கும். பதிலே அனுப்பாதவருக்கு கேள்விக்குறி, அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தாலே இவங்க பலபேர் அந்தப் பேரை அடிச்சுடுவாங்க, பதில் சொல்லாதவன் நாளைக்கு நம்ம பக்கம் நிக்கமாட்டான்னு.

ஆனா இதுல ஊறினவங்க கிரேடோட நிறுத்தமாட்டாங்க. ஏன்னா அந்த சங்கம் ஏற்கெனவே பதவியில இருக்குற, தங்களுக்குச் சாதகமா நடந்துக்கிட்ட ஆளுக்குத்தான் ஆதரவுன்னு வெளிப்படையாவே சொல்லும், எதிர்த்து நிக்கிறவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி. அதனால விட்டுக்குடுக்காத ஆளுங்க, இன்னும் கறாரான சங்கமான கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ன சொல்றாங்க, அவங்கவங்க மாநில சங்கம் என்ன சொல்லுதுன்னு பார்ப்பாங்க. லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சுக்கிட்டு வெளில போறதுக்கு நீ சரின்னு சொல்லுவியா, ஆபத்தானவர்னு கோர்ட் சொன்னா துப்பாக்கியைத் தற்காலிகமா வாங்கி வெக்கிற ரெட் ஃபிளாக் சட்டத்துக்கு என்ன சொல்லுவ, தோட்டா அடைக்கிற மேகசின்ல இத்தனைதான்னு வரம்பு வெச்சா ஒத்துக்குவியான்னு நேருக்கு நேரா கேப்பாங்க. “நான் ரெண்டாவது திருத்தத்தை மதிக்கிறேன், ஆனா...”ன்னு ஆரம்பிச்சா போச்சு. அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் என்ன வருதுன்னுகூட காது குடுக்கமாட்டாங்க. 2004ல டெமாக்ரட் ஜனாதிபதி வேட்பாளர் ஜான் கெர்ரி தேர்தலுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒஹாயோவுல காட்டு வாத்து (கூஸ்) வேட்டைக்குப் போய் போட்டோ எடுத்துக்கிட்டார், அதே வருஷம் மார்ச்சுல ராணுவ பாணி துப்பாக்கித் தடையை நீட்டிக்கணும்னு செனட்ல ஓட்டுப் போட்டவர் அவர், வேட்டைக்கோட்டைப் போட்டா அந்த ஓட்டு மறைஞ்சிடுமான்னுதான் அவங்க கேட்டாங்க.

நான் வர்ஜீனியாவுல ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் இருந்தப்ப பக்கத்து வீட்டுல ஒரு ரிட்டயர்டு மனுஷர், சமையலறை டிராயர்ல ஒரு நோட்டு வெச்சிருப்பார். அதுல அவரோட தொகுதி உறுப்பினர் எந்த மசோதாவுக்கு எந்த தேதில எப்படி ஓட்டுப் போட்டார்னு பேனால எழுதியிருக்கும், கடைசி ஓட்டு மட்டும் இல்ல, கமிட்டில போட்டதும். “மசோதா சாகுறது கமிட்டிலதாம்மா, அங்க யாரும் பார்க்கமாட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்”னு சொல்லுவார்.

உங்க பக்கத்துலயே இதுக்கு உதாரணம் இருக்கு. யுவால்டி பள்ளிக்கூடத்துல 2022 மே 24ல 19 பிள்ளைங்களும் 2 டீச்சரும் செத்தாங்கல்ல, அடுத்த வருஷம் மே மாசம் டெக்சாஸ் சட்டசபைக் கமிட்டி ஒண்ணுல, சிலவகை செமி ஆட்டோமேடிக் ரைபிள் வாங்குற வயசை 18ல இருந்து 21 ஆக்குற மசோதா ஓட்டுக்கு வந்துச்சு, 8க்கு 5ன்னு தாண்டுச்சு, ரெண்டு ரிபப்ளிகன் ஆதரிச்சுப் போட்டாங்க. அந்த மசோதா சபைக்கே வரல, செத்துப்போச்சு. ஆனா அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ராக்வால் தொகுதி ஜஸ்டின் ஹாலண்ட், 2024 மே 28ல நடந்த இரண்டாம் சுற்று பிரைமரில தோத்துட்டார். வேற காரணமும் இருந்துச்சு, தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசாங்கப் பணம் தர்ற கவர்னரோட ஸ்கூல் வவுச்சர் திட்டம், அட்டர்னி ஜெனரல் பேக்ஸ்டனைப் பதவிநீக்கம் பண்ணக் கொண்டுவந்த தீர்மானம்னு. இருந்தாலும் சட்டமாகாத ஒரு மசோதாவுக்கு கமிட்டில போட்ட அந்த ஒரு ஓட்டை பிரசாரம் பூரா அவருக்கு எதிரா எடுத்துப் போட்டாங்க.

இப்படி ஓட்டுப் போட்டு யாரையாவது நிஜமா பதவிலேருந்து இறக்கியிருக்காங்களா, இல்ல சத்தம் மட்டும்தானா?
– வாசகர், கோயம்புத்தூர்

இறக்கியிருக்காங்க. கொலராடோ, 2013. அதுக்கு முந்தின வருஷம் ஜூலைல அரோரா சினிமா தியேட்டர்ல 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டாங்க, டிசம்பர்ல கனெக்டிகட் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்துல படுகொலை, அதுக்கப்புறம் கொலராடோ சட்டசபை மேகசின்ல 15 தோட்டாவுக்கு மேல கூடாதுன்னும், தனியார்கிட்ட வாங்கினாலும் வாங்குறவரோட குற்றப் பின்னணியைச் சரிபார்க்கிற பேக்ரவுண்ட் செக் வேணும்னும் சட்டம் போட்டாங்க. உடனே கையெழுத்து வேட்டை ஆரம்பிச்சுடுச்சு. அந்த மாநிலத்துல பதவிக்காலம் முடியுறதுக்கு முன்னாடியே உறுப்பினரைத் திரும்ப அழைக்கிற உரிமை மக்களுக்கு உண்டு, ஆனா மாநில சரித்திரத்துல அதுவரைக்கும் ஒரு சட்டசபை உறுப்பினரைக்கூட யாரும் அப்படி இறக்கினது இல்ல.

செப்டம்பர் 10ல தேர்தல். கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல மாநில செனட் தலைவர், டெமாக்ரட் ஜான் மோர்ஸ், 350க்கும் கம்மியான ஓட்டு வித்தியாசத்துல போனார். அவருக்கு எப்படியும் அடுத்த தேர்தலோட பதவிக்காலம் முடிஞ்சு திரும்ப நிக்க முடியாத நிலைமை, அப்பவும் விடல. பியூப்ளோவுல ஆஞ்செலா ஹிரோன், அது டெமாக்ரட் கோட்டை, உழைக்கிற மக்கள் நிறைஞ்ச எஃகு ஆலை ஊர், அங்க 56க்கு 44ன்னு தோத்தாங்க, அப்படின்னா சொந்தக் கட்சிக்காரங்களே நிறைய பேர் எதிரா போட்டிருக்காங்கன்னு அர்த்தம். நியூயார்க் மேயரா இருந்த புளூம்பெர்க் 3,50,000 டாலர் குடுத்தும் காப்பாத்த முடியல. மூணாவதா ஈவி ஹூடக்னு ஒருத்தங்க, கையெழுத்து சேர்ந்துட்டு இருக்கும்போதே நவம்பர்ல தானா ராஜினாமா பண்ணிட்டாங்க, ஏன்னா ராஜினாமா பண்ணினா அந்த இடத்துக்கு அதே கட்சி ஆளை நியமிக்கலாம், தோத்தா செனட் பெரும்பான்மையே போயிடும்.

இதுல எல்லாரும் கவனிக்காம விடுற விஷயம் ஒண்ணு. அந்தத் தேர்தல்ல வீட்டுக்குத் தபால் ஓட்டு அனுப்பல, கோர்ட் உத்தரவால நேரம் இல்லாமப் போச்சு, நேர்ல வந்து போடணும். செப்டம்பர் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை வேலையை விட்டு இதுக்காக மட்டும் யார் வருவா, இதே நினைப்பா இருக்குறவங்கதான் வருவாங்க. துப்பாக்கிக் கட்டுப்பாடு வேணும்னு சர்வேல சொல்றவங்க அதிகம், ஆனா சங்கத்துக்குப் பணம் குடுக்குறது, பிரதிநிதிக்கு போன் பண்றதுன்னு வந்தா உரிமை கேக்குற பக்கம்தான் முன்னாடி நின்னுச்சு, அதே வருஷம் பியூ ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கெடுப்புலயும் அது தெரிஞ்சுது.

அடுத்த வருஷமே பொதுத்தேர்தல்ல ரெண்டு சீட்டும் டெமாக்ரட்கிட்ட திரும்பி வந்துடுச்சு. அந்தச் சட்டங்களும் இன்னிக்கு வரைக்கும் ரத்தாகல.

நம்ம நாட்டுல தேர்தல் வந்தா லைசன்ஸ் துப்பாக்கியையே ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றாங்க, அங்க எப்படி?
– வாசகர், தேனி

அங்க துப்பாக்கி வெச்சுக்கிறது 1791ல இருந்து அரசியல் சாசனத்துல எழுதின உரிமை, அது தனி மனுஷனோட உரிமைன்னு 2008ல சுப்ரீம் கோர்ட் உறுதியாவும் சொல்லிடுச்சு. நமக்கு அது 1959 ஆயுதச் சட்டத்துல அரசாங்கம் பார்த்துக் குடுக்குற அனுமதி. அதனால நாடு முழுக்க ஒப்படைங்கன்னு அங்க யாரும் சொல்லமுடியாது, ஓட்டுச்சாவடிக்குள்ள கொண்டுவரக்கூடாதுன்னு சில மாநிலம் தடை வெச்சிருக்கு, அவ்வளவுதான்.

செனட் தேர்தல்ல துப்பாக்கி சட்டத்துக்கு எப்படி ஓட்டுப் போட்டார்னு மட்டும்தான் பார்ப்பாங்களா அக்கா?
– வாசகி, திருச்சி

நீதிபதிகளையும் பார்ப்பாங்கம்மா, சுப்ரீம் கோர்ட் நீதிபதி நியமனத்துக்கு செனட்தான் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தரணும். நெவாடா செனட்டர் ஹாரி ரீட், டெமாக்ரட், அவங்க ஊர்ல பெரிய துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு நிலமும் நிதியும் கிடைக்க உதவினவர், இருந்தும் 2010ல அந்தப் பெரிய சங்கம் அவருக்கு ஆதரவு தரல, காரணம் சோட்டோமேயர், கேகன் ரெண்டு பேரும் சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக ஓட்டுப் போட்டார்னு. ஆனாலும் ரீட் ஜெயிச்சார். மேற்கு வர்ஜீனியா டெமாக்ரட் செனட்டர் ஜோ மான்சின் 2013ல பேக்ரவுண்ட் செக்கை விரிவாக்குற திருத்தம் கொண்டுவந்தார், 60 ஓட்டு வேணும், 54தான் வந்துச்சு. ‘ஏ’ல இருந்தவருக்கு 2018ல ‘டி’ போட்டாங்க, அவரும் ஜெயிச்சார். பெரிய தேர்தல்ல ஆளை மக்களுக்கு நேரா தெரியும், கிரேடு அவ்வளவா கடிக்காது. ஊர் பேரே தெரியாத சட்டசபை வேட்பாளர்னா அந்த ஒரு எழுத்துதான் பலபேருக்குத் தெரிஞ்ச ஒரே தகவல்.

இத்தனை பிள்ளைங்க செத்த பிறகும் அவங்க மனசு மாறாதா?
– வாசகி, சேலம்

உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். என் நிலையை ஒளிச்சு வெக்கல, வயசு வரம்பும் பேக்ரவுண்ட் செக்கும் வேணும்னு நினைக்கிறவ நான். ஆனா அவங்களுக்கு மனசே இல்லன்னு நான் சொல்லமாட்டேன். அந்தப் பக்கத்து வீட்டு மனுஷர் யுவால்டி செய்தியைப் பார்த்துட்டு வாசப்படில உக்காந்து அழுததை என் கண்ணால பார்த்தேன், மறுநாளும் அவர் சொன்னது, தப்பு பண்ணினவனுக்காக தப்பு பண்ணாத என்கிட்டேருந்து எடுக்காதீங்கன்னுதான். அவங்க பயம் அந்தப் படிக்கட்டு பயம், இன்னிக்கு ஒரு படி விட்டா நாளைக்கு அடுத்த படின்னு, அதனாலதான் சின்ன விஷயத்துக்குக்கூட வேட்பாளரை மன்னிக்கமாட்டாங்க.

பஃபலோவுல 2022 மே மாசம் கடையில 10 கறுப்பின மக்கள் கொல்லப்பட்டப்ப, அந்தப் பகுதி ரிபப்ளிகன் எம்.பி. கிறிஸ் ஜேக்கப்ஸ் ராணுவ பாணி துப்பாக்கித் தடைக்கு ஓட்டுப் போடுவேன்னு சொன்னார், சொன்ன ஒரு வாரத்துக்குள்ள தேர்தல்ல நிக்கலைன்னு ஒதுங்க வேண்டியதாச்சு. யுவால்டி தொகுதி எம்.பி. டோனி கொன்சாலஸ் அந்த வருஷ ஜூன்ல வந்த மத்திய துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டத்தை ஆதரிச்சார், கீழ்ச்சபைல ஆதரிச்ச 14 ரிபப்ளிகன்ல அவர் ஒருத்தர். டெக்சாஸ் கட்சி அவருக்குக் கண்டனத் தீர்மானமே போட்டுச்சு, 2024ல துப்பாக்கி வீடியோ போடுற ஒரு யூடியூபர் எதிர்த்து நின்னார், ஹாலண்ட் தோத்த அதே மே 28ல கொன்சாலஸ் சுமார் 400 ஓட்டுல தப்பிச்சார். தன் தொகுதியில பிள்ளைங்களைப் புதைச்ச ஒரு மனுஷன் போட்ட ஓட்டுக்கு இது விலைன்னா எனக்கு நெஞ்சு கனக்குது.

நான் இப்பத்தான் குடியுரிமை வாங்கினேன், ஃபேர்ஃபாக்ஸ்ல இருக்கேன், எனக்கு கட்டுப்பாடு வேணும். எங்க பக்கம் என்ன பண்ணணும் அக்கா?
– வாசகர், வர்ஜீனியா

உங்க ஊர் கதையையே சொல்றேன் தம்பி. 2019 மே 31ல வர்ஜீனியா பீச்ல 12 பேர் கொல்லப்பட்டாங்க, ஜூலைல கவர்னர் சிறப்புக் கூட்டம் கூட்டினார், ஒன்றரை மணி நேரத்துல ஒரு சட்டமும் போடாம ஒத்திவெச்சுட்டுப் போனாங்க. அந்த நவம்பர்ல டெமாக்ரட் ரெண்டு சபையும் பிடிச்சாங்க. 2020 ஜனவரி 20ல ரிச்மண்ட்ல துப்பாக்கி உரிமைக்காரங்க சுமார் 22,000 பேர் குளிர்ல திரண்டு நின்னாங்க, அப்புறம் பிப்ரவரில ராணுவ பாணி துப்பாக்கித் தடை மசோதா செனட் கமிட்டிக்கு வந்தப்ப 4 டெமாக்ரட்டே எதிர்ப்பக்கம் சேர்ந்து 10க்கு 5ன்னு அதைத் தள்ளிவெச்சுட்டாங்க.

அந்த நாலு பேர்ல ஒருத்தர் உங்க ஃபேர்ஃபாக்ஸ் சாப் பீட்டர்சன். கட்டுப்பாடு கேக்குறவங்க அந்த ஓட்டை மறக்கல, அந்த நோட்டுக்காரர் மாதிரியே எழுதி வெச்சிருந்தாங்க. 2023 ஜூன் பிரைமரில சதாம் சலீம்னு ஒரு புது ஆள் அந்தத் துப்பாக்கி ஓட்டுகளை முன்வெச்சுப் பிரசாரம் பண்ணி, பல வருஷம் செனட்ல இருந்த பீட்டர்சனைத் தோற்கடிச்சார்.

வர்ஜீனியாவுல கட்சில பதிவு பண்ணத் தேவையில்ல, பிரைமரில எந்தக் கட்சி ஓட்டுச்சீட்டை வேணும்னாலும் கேட்டு வாங்கிப் போடலாம், ஒண்ணு மட்டும். உங்க உறுப்பினர் பேரை சட்டசபை வெப்சைட்ல போட்டுப் பாருங்க, மசோதா வாரியா கமிட்டி ஓட்டும் வரும், ஜனவரில கூட்டத்தொடர் ஆரம்பிக்கும்போதே பார்க்க ஆரம்பிங்க, ஏன்னா பிப்ரவரிக்குள்ள நிறைய மசோதாவோட கதை முடிஞ்சிருக்கும்.