ரிலாக்ஸர் போட்ட முடி உடைகிறது என்றால் எண்ணெயை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: என் மருமகள் நைஜீரியப் பெண். கல்யாணமாகி இரண்டு வருடமாக என் மகனோடு லண்டனில் இருக்கிறாள். ரிலாக்ஸர் போட்டு முடியை நேராக்கிக்கொள்வது அவள் வழக்கம். லாகோஸில் இருந்தவரை தோளுக்குக் கீழே தொங்கிய முடி, இப்போது உடைந்து உடைந்து காதளவுக்கு வந்துவிட்டதாம். அடுத்த மாதம் அங்கே போகிறேன். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயும் சீயக்காயும் கொண்டு போகலாமா? கடையில் வேறு என்ன வாங்கித் தரலாம்?

பதில்:

எண்ணெய் கொண்டு போங்கள் அம்மா. சீயக்காயை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

தென்கிழக்கு லண்டனில் ஆப்பிரிக்க முடிப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். பெக்கம் ரை லேன் பக்கம் போனால் இந்த மாதிரிக் கடைகளை வரிசையாகப் பார்க்கலாம். கல்லாவில் நம் பக்கத்து முகங்கள், வாங்க வருகிறவர்கள் நைஜீரியா, கானா, ஜமைக்காப் பெண்கள். எங்கள் கடைக்கு மேல் மாடியில் ஒரு சலூன் இருந்தது. அதை நடத்திய கானா நாட்டு அம்மாவை எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் கையாளாக நின்று கற்றதுதான் இங்கே சொல்வதில் முக்கால்வாசி.

நம் ஊர் பார்லரில் செய்யும் ரீபாண்டிங் வேறு, ரிலாக்ஸர் வேறு. ரிலாக்ஸர் கிரீமில் இருப்பது காஸ்டிக் சோடா, இல்லையென்றால் அதே வகையில் இன்னொரு காரம். பிஎச் 12-க்கு மேல் போகும். முடிக்குள் சுருளைப் பிடித்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது உடைத்துவிடுகிறது. உடைந்தவை மறுபடி பழையபடி சேராது. அதனால் ஒருமுறை போட்ட இடம் கடைசிவரை நேர்தான், வேரில் புதிதாக வளர்வது மட்டும் சுருளாக வரும். அந்தப் புது வளர்ச்சிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி போடுவார்கள். நைஜீரியப் பெண்கள் இதை ரீடச் என்பார்கள்.

சில டப்பாக்களில் ‘நோ லை’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். காஸ்டிக் சோடா இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், காரமே இல்லை என்பதல்ல. உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு இருக்கும். நாம் வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பு அதுதான். கூடவே ஒரு சின்னப் பாட்டிலில் குவானிடின் கார்பனேட். போடுவதற்குச் சற்று முன் இரண்டையும் கலந்தால் குவானிடின் ஹைட்ராக்சைடு உண்டாகும், அது முடியை நேராக்கும். காஸ்டிக் சோடாவைவிடத் தலைத்தோலில் எரிச்சல் குறைவு என்பதால் வீட்டில் போடுகிறவர்கள் இதைத்தான் வாங்குவார்கள். ஆனால் வேலை முடிந்த பிறகு சுண்ணாம்பின் மிச்சம் முடியில் படிந்து நின்றுவிடும். முடி வறண்டு, மங்கி, கரகரவென்று ஆகும்.

இத்தோடு லண்டன் தண்ணீர் சேர்கிறது. அந்த ஊர் நிலத்தடியே சுண்ணாம்புப் பாறை. மகன் வீட்டுக் கெட்டிலைத் திறந்து பாருங்கள், அடியில் வெள்ளையாகத் தகடு தகடாகப் படிந்திருக்கும். போர் தண்ணீரில் குளித்தால் முடி என்னவாகும் என்று நமக்குத் தெரியும். உங்கள் மருமகளுக்கு உள்ளேயிருந்து ஒரு சுண்ணாம்பு, குழாயிலிருந்து ஒரு சுண்ணாம்பு. லாகோஸில் சலூனில் போட்டவர், லண்டனில் சலூன் கூலிக்கு யோசித்து வீட்டில் டப்பா வாங்கிப் போட ஆரம்பித்திருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனால் எங்கள் கடைக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் கதை இது. கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் எண்ணெய் என்ன செய்யும்? படிந்த சுண்ணாம்பின் மேல் இன்னொரு பூச்சாக உட்காரும். முடி பளபளக்கும், உள்ளே காய்ந்தே கிடக்கும். வறட்சி என்று நினைத்து மேலும் எண்ணெய் தடவுவார்கள். ஆன்ட்டி ஒவ்வொரு தலையையும் பார்த்துவிட்டு, “உன் முடி தண்ணீர் கேட்கிறது, நீ எண்ணெய் ஊற்றுகிறாய்” என்பார்.

எதையும் வாங்குவதற்கு முன் முடி எங்கே உடைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சீவும்போது ஒரு வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டு, விழுவதை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் கடுகில் பாதியளவு குமிழ் இருந்தால் அது வேரோடு தானாக உதிர்ந்த முடி. எல்லோருக்கும் தினமும் உதிர்வதுதான். குமிழ் இல்லாமல் அரை விரல் நீளத்தில் கிடந்தால் அது உடைந்த முடி. தலையில் இருக்கும் ஒரு முடியை வேரிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். முதலில் நெளிநெளியாகத் தட்டுப்படும், அப்புறம் சட்டென்று வழவழவென்று ஆகும். அந்தச் சந்திப்புதான் முடியிலேயே மெலிந்த இடம். அங்கேயே உடைகிறது என்றால் வறட்சி ஒரு காரணம், சிக்கெடுக்கும்போது இழுப்பது இன்னொன்று. ரீடச் செய்யும்போது ஏற்கெனவே நேராக்கிய முடிமேல் கிரீம் வழிந்திருக்கவும் கூடும். ஒரே முடியை இரண்டு தடவை காரத்தில் வேகவைத்தால் தாங்காது.

இன்னொரு சோதனையும் உண்டு. நனைந்த முடி ஒன்றை இரண்டு விரலில் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போய் அறுந்தால் புரதம் போய்விட்டது. நீளாமல் டக்கென்று அறுந்தால் ஈரம் இல்லை. வாங்க வேண்டியதும் இதற்குத் தகுந்தபடி மாறும். கடையில் நிறையப் பேர் தோழி சொன்னாள் என்று புரதச் சிகிச்சை வாங்கிப் போவார்கள். ஏற்கெனவே விறைத்த முடி இன்னும் விறைத்து, மறுவாரம் கைநிறைய உடைந்த முடியோடு வந்து நிற்பார்கள்.

முதலில் வாங்க வேண்டியது ஒரு சீலேட்டிங் ஷாம்பு. பாட்டிலில் சீலேட்டிங் என்றோ ஹார்ட் வாட்டர் என்றோ போட்டிருக்கும். சுண்ணாம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுதான் அதன் வேலை. மாதம் ஒருமுறை போதும், அடிக்கடி போட்டால் அதுவே உலர்த்திவிடும். மற்ற நாட்களில் சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, வாரம் ஒருமுறை. இந்த முடியைத் தினமும் அலசத் தேவையில்லை. சுருண்ட வேரிலிருந்து வரும் எண்ணெய்ப் பசை நம் முடியில் மாதிரி நுனிவரை இறங்குவதில்லை.

ஷாம்பு போட்ட ஒவ்வொரு முறையும் டீப் கண்டிஷனர் போட்டு, பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, அரைமணி நேரம் இருக்க வேண்டும். மேலே ஒரு சூடான துண்டைச் சுற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. லேபிளில் செட்டில் ஆல்கஹால், செட்டரில் ஆல்கஹால் என்று பார்த்துப் பயந்து திருப்பி வைத்துவிடாதீர்கள். அவை மெழுகு மாதிரி வழவழப்புத் தருபவை. உலர்த்துவது ஆல்கஹால் டினேச்சர்டு, ஐசோப்ரப்பைல் வகையறா. அது பட்டியலில் முன்னால் இருந்தால் வேண்டாம். குளித்ததும் முடி ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் சேர்ந்த லீவ்-இன் கிரீம் (தடவி அலசாமல் விட்டுவிடுவது), அதன்மேல் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய். இந்த வரிசை மாறக்கூடாது. புரதம் தேவை என்று சோதனையில் தெரிந்தால் மட்டும் ஹைட்ரோலைஸ்டு கெரட்டின் (சிறு துண்டுகளாக்கிய முடிப் புரதம்) உள்ள ஒன்று, ஆறு வாரத்துக்கு ஒருமுறை. ஆபோஜி டூ-ஸ்டெப் போன்ற பலமான வகை காய்ந்ததும் முடியைக் குச்சி மாதிரி விறைக்க வைக்கும். அந்த நேரத்தில் சீப்பே படக்கூடாது, அலசி கண்டிஷனர் போட்ட பிறகுதான் தொடலாம்.

உங்கள் தேங்காய் எண்ணெய்க்கு நல்ல இடம் உண்டு, அது குளிப்பதற்கு முன்னால். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கக்கூடியது. முதல்நாள் இரவு நீளத்துக்கும் நுனிக்கும் தடவி வைத்தால் அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். தலைத்தோலில் ஊற்றித் தேய்க்க வேண்டாம். சீயக்காய்த் தூள் வேண்டாம் என்றது, காரம் பட்டு நுண்துளை விழுந்த முடியில் அந்தத் தூள் ஒட்டினால் தேய்த்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பதால். தேய்ப்பதுதான் இந்த முடிக்கு ஆகாதது.

பிராண்ட் எது என்று கேட்பீர்கள். மிசானி, டார்க் அண்ட் லவ்லி, ஓஆர்எஸ், மோஷன்ஸ் எல்லாம் பழைய பெயர்கள். ஓஆர்எஸ் தயாரித்த சிகாகோக் கம்பெனியை 2010-இல் நம் டாபர்தான் வாங்கியது. பெயரைவிட, மேலே சொன்ன வேலைகளில் எந்த வேலைக்கு என்று பார்த்து வாங்குங்கள்.

ரீடச் நாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு மறக்காத ஒன்று இதில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை, கடையில் கூட்டம். ஒரு பெண் சூப்பர் ஸ்ட்ரெங்த், அதாவது பலம் கூடின ரிலாக்ஸர் டப்பா கேட்டார், எடுத்துக் கொடுத்தேன், எதுவும் கேட்கவில்லை. நான்கு நாள் கழித்து வந்து தலைத்துணியை அவிழ்த்துக் காட்டினார். பிடரியில் ஐம்பது காசு அளவில் மூன்று இடத்தில் தோல் வெந்து, மேலே மஞ்சளாகப் பொருக்கு கட்டியிருந்தது. முதல்நாள்தான் பின்னலை அவிழ்த்து, அரிக்கிறதே என்று நகத்தால் சொறிந்து, தலைக்குக் குளித்துவிட்டு, அன்றே போட்டிருக்கிறார். எரிந்தபோதும் “எரிந்தால்தான் பிடிக்கும்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். பின்னலை எப்போது அவிழ்த்தீர்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அதற்குப் பிறகு யார் டப்பா கேட்டாலும் கேட்காமல் கொடுத்ததில்லை.

பின்னலை அவிழ்த்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். போடுவதற்கு முன் மூன்று நாள் தலைக்குக் குளிக்கக்கூடாது, சொறியக்கூடாது. காது, நெற்றியோரம், பிடரி, தலைத்தோல் எங்கும் வாசலின். பழைய நேரான முடிக்கும் கண்டிஷனரோ வாசலினோ தடவி மறைத்துவிட்டு, புது வளர்ச்சிக்கு மட்டும் கிரீம். டப்பாவில் போட்ட நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். எரிந்தால் நேரம் ஆகாவிட்டாலும் உடனே அலச வேண்டும். அப்புறம் நியூட்ரலைசிங் ஷாம்பு. காரம் மிச்சமிருந்தால் நுரை இளஞ்சிவப்பாக வரும் வகை கிடைக்கும், நுரை வெள்ளையாகும்வரை அலச வேண்டும். முடிந்தால் இதைக் கைதேர்ந்த ஒருவரிடம் செய்துகொள்வதே மேல். நீங்கள் கிரீமுக்கும் ஷாம்புக்கும் செலவழிக்க நினைக்கும் பணத்தில் பாதியை ஒரு நல்ல சலூன் ரீடச்சுக்குக் கொடுங்கள்.

ஒன்று முக்கியம். மகனும் மருமகளும் சென்னை வந்தால் பார்லரில் ரீபாண்டிங், ஸ்மூத்தனிங் எதற்கும் உட்காரவே கூடாது. ரீபாண்டிங்கில் இருப்பது தையோகிளைகோலேட். ரிலாக்ஸர் போட்ட முடியில் அது பட்டால் கையோடு அறுந்து வரும். பார்லரில் இருப்பவர்களுக்கு இந்த முடியைப் பார்த்துப் பழக்கம் இருக்காது, கேட்டால் செய்யலாம் என்றுதான் சொல்வார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். தயவுசெய்து அதை முதல் வாரமே அவரிடம் கேட்காதீர்கள். சுருள்முடியோடு போனதால் வேலையிலும் பள்ளியிலும் அவமானப்பட்டவர்கள் அத்தனை பேர். அமெரிக்காவில் அதைத் தடுக்கவே ஒரு சட்டம் தேவைப்பட்டது, 2019-இல் கலிஃபோர்னியா முதலில் கொண்டுவந்தது. எதற்காக ரிலாக்ஸர் போடுகிறார் என்பது அவருக்குத் தெரிந்த கணக்கு.

ஆனால் ஒரு செய்தி அவர் காதில் விழ வேண்டும், மகன் மூலமாகச் சொன்னாலும் சரி. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு ஒன்று 2022 அக்டோபரில் வந்தது. 33,497 பெண்களைப் பதினோரு வருடத்துக்குக் கிட்டத்தட்டக் கவனித்திருக்கிறார்கள். முடி நேராக்கும் பொருட்களை வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. எழுபது வயதுக்குள் அந்த நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். எந்தப் பிராண்ட், எந்த ரசாயனம் என்று அதில் பிரித்துப் பார்க்கவில்லை. எட்டு வாரத்துக்கு ஒருமுறை ரீடச் என்றால் வருடத்துக்கு ஆறு தடவை. பன்னிரண்டு வாரத்துக்குத் தள்ளிப் போட்டால் நான்கு. அதனால் ஆபத்து போய்விடும் என்று சொல்லவில்லை, முடிக்கும் உடம்புக்கும் அத்தனை தடவை குறைகிறது. நான் கடையில் இருந்த கடைசி வருடங்களில் என் வயதுப் பெண்கள் பலர் நிறுத்தியே விட்டார்கள்.

உச்சந்தலையில் வட்டமாக முடி மெலிந்து, தோல் வழவழவென்று மின்னினால் மட்டும் ஷாம்பு, எண்ணெய் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அது தழும்பு விழும் வகை முடியிழப்பாக இருக்கலாம். தழும்பு விழுந்த இடத்தில் மறுபடி முளைக்காது, சீக்கிரம் பார்த்தால் பரவாமல் நிறுத்த வாய்ப்பு உண்டு.

பெட்டியில் எண்ணெயோடு ஒரு சாட்டின் தலையணை உறையும் வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி உறை முடியின் ஈரத்தை உறிஞ்சி, உரசி உரசி அறுக்கும். அப்புறம், நம் வீட்டுப் பெண்களின் தலையில் கைவைக்கிற மாதிரி கேட்காமல் வைத்துவிடாதீர்கள் அம்மா. முன்பின் தெரியாதவர்கள் கைநீட்டித் தொட்டு அலுத்துப் போனவர்கள் அவர்கள். “எண்ணெய் வைத்துவிடட்டுமா?” என்று கேளுங்கள். சரி என்றால் அவர் நாற்காலிக்குக் கீழே உட்காரட்டும், நீங்கள் நுனியிலிருந்து ஆரம்பியுங்கள்.