பூச்சியத்தைத் தாண்டும் நாட்கள்

தங்கச்சி,

கிளிநொச்சியிலிருந்து ஓகஸ்ட் மாதம் மொன்றியலுக்கு வந்ததாகவும், கணவருக்கு இரவு வேலை என்பதால் காலையில் தனியாகத்தான் பிரெஞ்சு வகுப்புக்குப் போக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். “மைனஸ் 30 வரும் என்கிறார்கள் அக்கா. ஒரு நாள் பனி, மறுநாள் மழை, அதற்கடுத்த நாள் தெருவெல்லாம் ஐஸ் என்கிறார்கள். 900 டொலர் ஜக்கெற் இல்லாமல் இந்த ஊரில் இருக்க முடியாதா?” என்று கேட்கிறீர்கள்.

அந்த 900 டொலரை முதலில் கைப்பைக்குள் திருப்பி வையுங்கள்.

நான் 1996 ஒக்ரோபரில் வந்தவள். மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் மூன்றாம் மாடி வீடு. இத்தனை குளிர்காலங்களில் மைனஸ் 30 என்னை ஒன்றும் செய்ததில்லை. என் கையை முறித்தது பிளஸ் 2.

அது எனக்கு மூன்றாவது குளிர்காலம், பெப்ரவரி மாதம். இங்குள்ள பழைய வீடுகளுக்கு மாடிப்படி வெளியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புப் படி, சில வீடுகளில் சங்குபோல வளைந்து இறங்கும். படம் எடுப்பவர்களுக்கு நல்ல அழகு. அன்று மத்தியானம் வெயில் எறித்து, கூரைப் பனி உருகி, சொட்டுச் சொட்டாகப் படிகளில் விழுந்துகொண்டிருந்தது. குளிர்காலம் முடிந்துவிட்டது என்று நானும் பக்கத்து வீட்டுக் கிரேக்க அம்மாவும் கையைக் காலைக் காட்டிச் சந்தோஷப்பட்டுக்கொண்டோம். இரவு மைனஸ் 12 ஆகிவிட்டது. விடியப்புறம் ஐந்தரை மணிக்கு, ஒரு கையில் குப்பைப் பை, மறு கையில் சோற்றுப் பெட்டி. படிகள் காய்ந்து கறுப்பாகத்தான் தெரிந்தன. நாலாவது படியில் குதிக்கால் போனது. மிச்சப் படிகளை நான் எண்ணவில்லை. மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை பிளாஸ்ரர். வீட்டுக்காரரிடம் உப்புப் பை இருந்ததாம். கீழே, பூட்டிய நிலவறைக்குள்.

அதனால் காலநிலை அறிவிப்பைப் பார்க்கும்போது எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்று பார்த்துப் பயப்படாதீர்கள். பூச்சியத்தை எத்தனை தரம் தாண்டுகிறது என்று பாருங்கள். இங்கே ஜனவரியில் சராசரியாகப் பகல் மைனஸ் 5, இரவு மைனஸ் 14 அளவில் இருக்கும். அப்படியே ஒரே நிலையில் நின்றால் நல்ல குளிர்காலம். மைனஸ் 15இல் பனி காய்ந்த மணல்போலக் காலடியில் நெருநெருக்கும். கால் வழுக்காது, உடுப்பு நனையாது, தட்டிவிட்டால் உதிர்ந்துவிடும். தெற்கிலிருந்து ஒரு சூட்டுக் காற்று வந்து இரண்டு நாள் உருக்கிவிட்டுப் போகும்போதுதான் சனியன் பிடிக்கிறது. உருகியது மறுநாள் உறையும். அதன் மேல் மெல்லிய பனி தூவி மூடும். எங்கே பனி, எங்கே ஐஸ் என்று கண்ணுக்குத் தெரியாது.

உருகும் நாட்களுக்கு வேறொரு கோலம் உண்டு. தெருமுனைகளில் பனியும் உப்பும் ஊத்தையும் கலந்து, ஒடியற்கூழை வீதியில் கவிழ்த்துவிட்டதுபோலக் கிடக்கும். மேலே பார்த்தால் திடமாகத் தெரியும்; கால் வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர். முனையில் குறுக்கே நடக்காமல் பத்து அடி தள்ளிப் போய்க் கடக்கலாம். பஸ் நிறுத்தத்தில் வீதி ஓரமாக நிற்காதீர்கள். கார்க்காரர் யாரும் வேண்டுமென்று அடிப்பதில்லை; ஆனாலும் அந்தக் கூழ் உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

ஐஸிலும் ஒரு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே எல்லோரும் அதை ‘வெர்க்லா’ என்பார்கள். வகுப்பில் படிப்பிக்கும் முன்பே இந்தப் பிரெஞ்சுச் சொல்லைப் பாடமாக்கிவிடுங்கள். வானத்தில் சூடான காற்றுப் படை ஒன்று இருக்கும். மேலிருந்து வரும் பனி அதற்குள் உருகி மழையாகிவிடும். சென் லோறன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடகிழக்கிலிருந்து வரும் குளிர் காற்றோ நிலத்தை ஒட்டி அசையாமல் படுத்துக் கிடக்கும். மழைத்துளி அதற்குள் விழுந்து, பட்ட இடத்திலேயே உறைந்து கண்ணாடியாகிவிடும்: மரக்கிளை, மின்கம்பி, கதவுப் பிடி, உங்கள் படி, எல்லாவற்றிலும். குளிர்ப் படை தடிப்பாக இருந்தால் துளி வழியிலேயே உறைந்து அரிசிபோல யன்னலில் சடசடவென்று கொட்டும். சத்தம் கேட்டால் ஓரளவு நிம்மதி. மழை பெய்வது தெரிந்தும் யன்னலில் சத்தமில்லை, வெப்பமானி மைனஸ் 1 என்கிறது என்றால் அன்று வகுப்பு வேண்டாம். ரீச்சரும் வரமாட்டார்.

1998 ஜனவரி 5 முதல் 10 வரை அப்படிப் பெய்ததை நான் பார்த்தேன். வந்து இரண்டாவது குளிர்காலம். மொன்றியலுக்குத் தெற்கே சில இடங்களில் 100 மில்லிமீற்றர் வரை. ஏறத்தாழ 1000 மின் கோபுரங்கள் பாரம் தாங்காமல் மடிந்து விழுந்தன. எங்கள் மாகாணமான கியூபெக்கின் சனத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இருட்டில். தெற்குக் கரையில் சில ஊர்களுக்கு ஒரு மாதம் மின்சாரம் வரவில்லை. எங்கள் கட்டிடத்தில் நாலு நாள். 1990இலிருந்து மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கில் தங்கை தம்பியைப் படிக்க வைத்துவிட்டு வந்தவளுக்கு இது ஒரு விஷயமா என்று கெட்டித்தனமாக எழும்பினேன். மண்ணெண்ணெய் எங்கே? சாமி விளக்குக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெய் வெண்கட்டியாக உறைந்து கிடந்தது. கரண்டியால் சுரண்டி எடுத்துத் திரியைச் சுற்றி அப்பிக் கொளுத்தினேன். இருட்டு எங்களுக்குப் பழக்கம்தான். யாழ்ப்பாணத்து இருட்டில் குளிர் இல்லை, அதுதான் வித்தியாசம்.

கீழ்வீட்டுப் பொடியன் ஒருவன் பல்கனியில் இருந்த கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து மூட்டப் பார்த்தான். கிரேக்க அம்மா கத்திக்கொண்டு வந்து தடுத்தார். அந்தப் புயலில் வீட்டுக்குள் கரியும் ஜெனரேற்றரும் வைத்து, மணமில்லாத கார்பன் மொனொக்சைட் புகையில் இறந்தவர்கள் உண்டு. மின்சாரம் போனால் ஓர் அறைக்குள் எல்லோரும் ஒதுங்கிக் கதவை மூடிப் போர்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் நகரம் திறக்கும் தங்குமிடத்துக்குப் போங்கள். உள்ளே எதையும் எரிக்காதீர்கள். இது பழங்கதை இல்லை. 2023 ஏப்ரல் 5ஆம் திகதியும் வெர்க்லா வந்து கியூபெக்கில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் போயின. பற்றரி விளக்கு, அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடிய உணவு, சார்ஜ் ஏற்றிய பற்றரி ஆகியவை நவம்பரிலிருந்தே வீட்டில் இருக்கட்டும்.

இனி உங்கள் பணத்துக்கு வருகிறேன். ஜக்கெற்றுக்கு 200 டொலர் போதும். பழைய உடுப்புக் கடையில் அதிலும் குறைவாக நல்லது கிடைக்கும். முழங்காலுக்குக் கிட்ட நீளம், காற்றுப் புகாத துணி, தலைமூடி. இவை இருந்தால் பெயர் எதுவானாலும் சரி. மிச்சக் காசைப் பாதங்களில் போடுங்கள். தண்ணீர் புகாத பூட்ஸ், உள்ளுறை கழற்றக்கூடியதாக, அரை அளவு பெரிதாக. இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறை போட்டால் இரத்தம் ஓடாமல் கால் இன்னும் விறைக்கும். இரவில் உள்ளுறையை இழுத்து வெளியே வைத்துக் காயவிடுங்கள். காலையில் ஈரமான பூட்ஸுக்குள் கால் வைத்தால் அன்று முழுவதும் குளிர்தான். உப்புப் பட்டு வெள்ளை வெள்ளையாகப் பூத்தால் வினாகிரியில் தண்ணீர் கலந்து துடையுங்கள். கோயிலுக்குப் போனால் பையில் இன்னொரு சோடிக் காலுறை. பூட்ஸ் கழற்றும் இடமெல்லாம் உருகிய தண்ணீர். அம்மன் வாசலில் ஈரக் காலுறையோடு நின்று நான் வாங்கிய தடிமன் கொஞ்சமல்ல.

உடம்போடு ஒட்டிப் பருத்தி போடாதீர்கள். ஊரில் அது நல்ல துணி. இங்கே வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரத் துவாய்போல மேலே கிடக்கும். கம்பளி அல்லது பொலியெஸ்ரர் உள்சட்டை, மேலே சுவெற்றர், அதற்கு மேல் ஜக்கெற். விரல் பிரித்த கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் கையுறை சூடு.

வானொலியில் இரண்டு எண் சொல்வார்கள்: வெப்பநிலை ஒன்று, காற்றோடு சேர்த்து உடம்புக்குத் தெரியும் குளிர் மற்றது. இரண்டாவது எண் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40 என்றால் 5 முதல் 10 நிமிடம். அந்த நாட்களில் மூக்கையும் காதையும் மூடிக்கொண்டு, பஸ் நேரம் பார்த்து வெளிக்கிடுங்கள். விரல் நுனியோ காதோ வெள்ளையாகி உணர்வில்லாமல் போனால் தேய்க்காதீர்கள். உள்ளே வந்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் வையுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் 811க்கு அழைத்தால் தாதி ஒருவர் பேசுவார். மெத்ரோ ரயில் முழுக்க நிலத்துக்குக் கீழே ஓடுவது நமக்கு வரம். நிலைய வாசல் கதவு காற்றுக்குப் பாரமாக இருக்கும். தோளைக் கொடுத்துத் தள்ளுங்கள்.

பூட்ஸில் மாட்டும் பல்லுள்ள ரப்பர், ‘கிராம்பொன்’ என்று கேட்டால் மருந்துக்கடையிலேயே தருவார்கள். மெத்ரோவுக்குள் போகும்போது கழற்றிவிடுங்கள். ஐஸில் பிடிக்கும் பல் ஓட்டுத் தரையில் வழுக்கும். நடை என்றால், மழைக்காலத்தில் வயல் வரம்பில் எப்படி நடப்பீர்கள்? பாதத்தை முழுதாக ஊன்றி, சின்ன அடியாக, உடம்பைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்து. அதேதான். கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது, அதற்குத்தான் கையுறை.

படிக்கு உப்பை வீட்டுக்காரரிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் நிரப்பி உங்கள் வாசல் கதவுக்கு உள்ளே வையுங்கள். முற்றத்துக்குச் சாணித்தண்ணீர் தெளிப்பதுபோல ஒவ்வொரு படிக்கும் தூவித் தூவி இறங்கலாம். மைனஸ் 15க்குக் கீழே சாதாரண உப்பு ஏறக்குறைய வேலை செய்யாது. அப்போது மணலோ, வீட்டுப் பூனையின் கழிவுப் பெட்டிக்குப் போடும் மணலோ போடுங்கள். நகரசபையும் நடைபாதையில் பொடிக்கல்தான் போடும். கைபிடிக் கம்பியை விடாதீர்கள். குப்பையை மத்தியானம் போடலாம், குடி முழுகாது.

கணவருக்குக் கார் இருக்கிறது என்றால் அவருக்கு இரண்டு சொல். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். பனி அள்ளும் நாட்களில் தெருவில் செம்மஞ்சள் அறிவிப்பு நடுவார்கள்; இரவில் சைரன் ஊதிக்கொண்டு இழுவை வண்டி வரும். அது பொலிஸ் அல்ல, காரை எடுக்கச் சொல்கிறது. இரவு வேலை முடிந்து தூங்குபவருக்கு அது கேட்காது; நீங்கள்தான் எழுப்ப வேண்டும். அள்ளுகிற பனியில் ஒரு பகுதி சென் மிஷேலில் உள்ள பழைய கற்குழிக்குப் போகிறது. ஜூலையிலும் அங்கே கறுத்த மலையொன்று உருகாமல் கிடப்பதைப் பார்க்கலாம்.

வீட்டுக்குள்ளே யன்னல் எல்லாம் அடைத்திருக்கும். மீன்குழம்பு வைக்கும் நாளில் ஜக்கெற்றை அலுமாரிக்குள் போட்டுக் கதவை மூடுங்கள். வகுப்பில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருக்கும். சூடாக்கியால் காற்று வறண்டு மூக்கு வெடிக்கும். துவைத்த உடுப்பை அறைக்குள் காயப்போட்டால் கொஞ்சம் ஈரம் கிடைக்கும்.

டிசம்பரில் நாலே கால் மணிக்கு முன்பே பொழுது படும். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், அதுதான் தனியாக இருக்கும் பெண்களை உள்ளே இருந்து அரிக்கும். பகல் வெளிச்சம் இருக்கும்போது, பால் வாங்குகிற சாட்டிலாவது, ஒரு தரம் வெளியே போய் வாருங்கள்.

உங்கள் கால் அளவை எழுதுங்கள். மகளின் பழைய பூட்ஸ் ஒரு சோடி இருக்கிறது, அளவு 38, உள்ளுறை போன வருடம்தான் மாற்றியது. சரியாக இருந்தால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருகிறேன்.